ஜவானின் உடம்பும் நம் யோசனையும்

இந்திய ராணுவம் ஒவ்வொரு படைவீரரின் உடம்பையும் ஐந்து கூறுகளாகப் பிரித்து மதிப்பிடுகிறது: மனநலம், காது, கை கால்கள், பொதுவான உடல்திறன், கண்பார்வை. இவற்றைக் குறிக்கும் ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து 'ஷேப்' என்கிறார்கள். ஐந்திலும் 1 வாங்கியவர் ஷேப்-1. அவரை எங்கும் அனுப்பலாம், எதையும் செய்யச் சொல்லலாம். எண் ஏற ஏறத் தகுதி இறங்கும். 5 என்றால் படைப்பணிக்கே ஆகாது. இடையில் நிற்பவர்களுக்கு 'லோ மெடிக்கல் கேட்டகரி' என்று பெயர்; பேச்சுவழக்கில் வெறும் 'கேட்டகரி'. பல பதவி உயர்வுகளும் பயிற்சி வகுப்புகளும் வெளிநாட்டு அமைதிப்படைப் பணியும் இந்த எண்ணைப் பார்த்துத்தான் கிடைக்கின்றன. மேலே ஏறாத சிப்பாய் நாற்பதை ஒட்டிய வயதில் ஓய்வுபெற்று ஊருக்கு வந்துவிடுவார். நாயப் சுபேதார், சுபேதார் என்று ஏறியவருக்கு இன்னும் பல ஆண்டுகள் சம்பளமும் மரியாதையும் உண்டு. எனவே ஹவில்தார் ஒருவர் லீவில் வந்திருக்கும்போது தலை சுற்றி, தனியார் கிளினிக்கில் ரத்த அழுத்தம் 170 என்று காட்டினால், அவர் மனத்தில் முதலில் ஓடுவது பக்கவாத பயம் அல்ல. இந்த எண்ணைத் தீர்மானிக்கும் மெடிக்கல் போர்டு அடுத்து எப்போது என்பதுதான். மாத்திரையைப் பையின் அடியில் வைத்துக்கொண்டு அவர் யாரிடமாவது கேட்பார். மனைவியிடம், அண்ணனிடம், அல்லது தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற சுபேதாரிடம். அவர்கள் என்ன சொல்லவேண்டும் என்பது ஓர் அறக் கேள்வி.

வழக்கமாக இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். 'உடம்பு போனால் வருமா, எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடு' என்பது ஒன்று. 'யாரிடமும் மூச்சு விடாதே, இன்னும் இரண்டு வருஷம் சமாளி' என்பது மற்றொன்று. முதல் பதிலில் பாசம் இருக்கிறது, இரண்டாவதில் உலக அறிவு இருக்கிறது. ஆனாலும் இரண்டும் ஒரே தவறைச் செய்கின்றன. நோயைப் பற்றிய உண்மையையும் வாழ்க்கையைப் பற்றிய முடிவையும் ஒரே மூட்டையாகக் கட்டி அவர் தலையில் ஏற்றிவிடுகின்றன. இவை பிரித்துப் பார்க்கவேண்டியவை. நோயை மறைக்காதே என்று வற்புறுத்த யோசனை சொல்பவருக்கு உரிமை உண்டு. பணியை விட்டு விலகு என்று வற்புறுத்த அவருக்கு உரிமை கிடையாது. அந்த முதல் உரிமைகூட எல்லா நோய்க்கும் ஒரே அளவினது அல்ல. அந்த ஜவானின் உடம்பை நம்பி எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்து அது கூடும், குறையும்.

சியாச்சினை எடுத்துக்கொள்ளலாம். 1984 ஏப்ரலில் இந்தியப் படை அந்தப் பனியாற்றில் ஏறியதிலிருந்து அங்கே துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானவர்களைவிடக் குளிருக்கும் உயரத்துக்கும் பனிச்சரிவுக்கும் பலியானவர்களே அதிகம். சில காவல் நிலைகள் 6,000 மீட்டர் உயரத்தையும் தாண்டியவை. அந்த உயரத்தில் சிலருக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். உடனே கீழே இறக்காவிட்டால் சில மணி நேரங்களில் உயிர் போகக்கூடும். இந்த மலைநோய்களைப் பற்றிய உலக அறிவுக்கு இந்திய ராணுவ மருத்துவர்களின் பங்கு பெரிது. 1,925 படைவீரர்களைக் கவனித்து அவர்கள் 1969-இல் வெளியிட்ட ஆய்வு துறையின் அடிப்படை ஆய்வுகளில் ஒன்று. நுரையீரலில் நீர் கோத்து ஒருமுறை பிழைத்தவருக்கு, மறுபடி அந்த உயரத்துக்குப் போனால் அது திரும்ப வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதும் இன்று தெரிந்த செய்தி. அப்படி ஒருவர் முன்பு நடந்ததை மறைத்துவிட்டு மேலே போகிறார் என்று வைத்துக்கொள்வோம். பனிப்பிளவுகளுக்குப் பயந்து ரோந்துக் குழுவினர் ஒரே கயிற்றில் பிணைந்து நடப்பார்கள். நடுவில் ஒருவர் சரிந்தால் கயிற்றில் இருக்கும் எல்லோரும் நிற்கவேண்டும். மூச்சுக்கே திணறும் இடத்தில் நாலு பேர் அவரைச் சுமக்கவேண்டும். வானிலை எப்படி இருந்தாலும் சீட்டா ஹெலிகாப்டரை எடுத்துக்கொண்டு இரண்டு விமானிகள் வரவேண்டும். தன் உடம்பைப் பணயம் வைப்பதாக நினைத்துக்கொண்டு அவர் வைத்தது இத்தனை பேரின் உடம்பை.

படைவீரர் சாகவும் துணிந்துதானே சேர்ந்தார், பிறகு இந்த ஆபத்தை மட்டும் ஏன் தடுக்கவேண்டும் என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி வலுவானதுதான். ஆனால் போரின் ஆபத்து எல்லோரும் அறிந்து பங்கிட்டுக்கொண்ட ஆபத்து. யாரை முன்னால் அனுப்புவது, யாரிடம் இயந்திரத் துப்பாக்கியைக் கொடுப்பது என்று கம்பெனி கமாண்டர் கணக்குப் போடுவது தன் ஆட்களின் உடம்பு இன்ன நிலையில் இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான். மறைக்கப்பட்ட நோய் அந்தக் கணக்கைக் கெடுக்கிறது. பக்கத்தில் இருப்பவர் எதிரியின் குண்டுக்குச் சம்மதித்தார். தோழரின் வலிப்பு நோய்க்குச் சம்மதிக்கவில்லை, அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. மலைப்பாதையில் இருபது பேரை ஏற்றிக்கொண்டு டிரக் ஓட்டும் டிரைவருக்கு வலிப்பு வருமென்றால், அதைச் சொல்லாமல் இருப்பதைத் துணிச்சல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

பொய்யும் நன்மை தந்தால் வாய்மைக்குச் சமம் என்று வள்ளுவரே இடம் கொடுத்திருக்கிறாரே என்று நம் ஊரில் சொல்லக் கூடியவர்கள் உண்டு. வள்ளுவர் வைத்த நிபந்தனையை அவர்கள் வசதியாக விட்டுவிடுகிறார்கள். அந்த நன்மை குற்றமற்றதாக இருக்கவேண்டும். ஒருவரின் பதவி உயர்வுக்காக அறியாத இருபது பேர் தலையில் ஏற்றப்படும் ஆபத்து அந்தச் சோதனையில் தேறாது.

வரலாற்றில் இருந்தும் எதிர்வாதம் வரும். ஜான் எஃப். கென்னடி முதுகு நோயால் அமெரிக்க ராணுவத்தில் சேர முடியாமல் போனவர். தந்தையின் செல்வாக்கால் 1941-இல் கடற்படைக்குள் நுழைந்தார். 1943 ஆகஸ்டில் அவருடைய பி.டி.-109 படகை ஜப்பானியப் போர்க்கப்பல் மோதிப் பிளந்தபோது, தீக்காயம் பட்ட தன் ஆள் ஒருவரின் மிதவைச் சட்டைப் பட்டையைப் பல்லில் கவ்விக்கொண்டு பல மணி நேரம் நீந்தி அவரைக் காப்பாற்றினார். விதியைப் பார்த்து நின்றிருந்தால் அந்த வீரமே நடந்திருக்காது என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்தக் கடலில் அவர் முதுகு பாதியில் பிடித்துக்கொண்டிருந்தால் இந்தக் கதையை யாரும் இப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். நல்லபடியாக முடிந்தவை மட்டுமே கதையாகின்றன. இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டியவர் இயான் கார்டோஸோ. 1971 போரில் சில்ஹெட் பகுதியில் கண்ணிவெடியில் சிதைந்த தன் காலைத் தன் குக்ரிக் கத்தியாலேயே வெட்டிக்கொண்ட கூர்க்கா அதிகாரி. செயற்கைக் காலோடு அவர் இந்தியக் காலாட்படையில் ஒரு பட்டாலியனுக்கும் பின்னர் ஒரு பிரிகேடுக்கும் தலைமை ஏற்றார். இந்திய ராணுவத்தில் போரில் உறுப்பிழந்த அதிகாரி ஒருவர் பட்டாலியனுக்குத் தலைமை ஏற்றது அதுவே முதல்முறை. அவர் எதையும் மறைக்கவில்லை. இல்லாத காலை மறைக்கவும் முடியாது. எல்லோருக்கும் தெரிந்த குறையை வைத்துக்கொண்டு, என்னால் முடியும் என்று மேலதிகாரிகளின் கண்முன் நிரூபித்து, அவர்களை மாறச் செய்தார். உடம்பு ஒத்துழைக்காதபோதும் லட்சியத்தைப் பிடித்துக்கொள்ளலாம் என்பதற்கு இவர்தான் சரியான சாட்சி. இதனால்தான் 'விட்டுவிட்டு வா' என்ற யோசனையும் தவறாகிறது. ஒருவரின் இருபது வருட உழைப்புக்கு என்ன விலை என்பதை மெடிக்கல் போர்டுகூடத் தீர்மானிப்பதில்லை. எந்த வேலைக்கு எவ்வளவு தகுதி என்பதை மட்டுமே அது சொல்கிறது. அண்ணனும் மனைவியும் அதைவிடக் கூடுதலாகத் தீர்ப்பு எழுத முற்படுவது வரம்பு மீறல்.

இன்னும் கடுமையான எதிர்வாதம் ஒன்று உண்டு. சொல்லச் சொல்பவருக்கு நஷ்டம் ஏதும் இல்லை. நேர்மைக்கான விலையை ஜவான்தான் கொடுக்கிறார். இதற்கு நல்வார்த்தை பதிலாகாது. சட்டம் ஓரளவு பதிலாகும். கேட்டகரி ஆனாலே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் பரவலாக இருக்கிறது. ஆனால் பணிக்குத் தகுதியற்றவர் என்று தீர்மானிக்கும் முறையான இன்வாலிடிங் மெடிக்கல் போர்டு இல்லாமல் நிரந்தரக் கேட்டகரியில் இருப்பவரை வெளியேற்ற முடியாது என்று, அப்போதைய விதிகளின்படி, 2008-இல் ராஜ்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2013-இல் தரம்வீர் சிங் வழக்கு. சிக்னல்ஸ் பிரிவில் பணியாற்றி, வலிப்பு நோய் காரணமாக வெளியேற்றப்பட்டவர் அவர். படையில் சேரும்போது எடுத்த பதிவில் அந்த நோய் குறிக்கப்படவில்லை என்றால் அது பணியால் வந்தது என்றே கொள்ளவேண்டும், இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்து, அவருக்கு ஊனமுற்றோர் ஓய்வூதியம் கிடைக்க வழி செய்தது. இந்தப் பாதுகாப்பு முழுக்கவும் ஆவணங்களை நம்பியே நிற்கிறது. எந்த இடத்தில் பணியாற்றும்போது, எந்த மாதத்தில், என்ன அறிகுறியோடு நோய் வந்தது என்பது ராணுவ மருத்துவமனைப் பதிவில் இருந்தால்தான் பின்னாளில் வாதாட முடியும். ஊர் கிளினிக்கில் ரகசியமாக வாங்கிய மாத்திரைச் சீட்டு எந்தத் தீர்ப்பாயத்திலும் உதவாது. பழைய நோயை மறைத்தவர் என்று அவர்மீதே திரும்பவும் கூடும். ஆக, மறைப்பதால் பதவி உயர்வு ஒருவேளை கைகூடும், ஆனால் உடம்பு முற்றாக விழும் நாளில் கையில் ஒன்றும் இருக்காது. இந்தக் கணக்கை யாரும் ஜவானுக்கு விளக்கமாகச் சொல்வதில்லை. யோசனை சொல்பவர் முதலில் செய்யவேண்டிய வேலை இது. அறிவுரை அதற்குப் பிறகு.

இவ்வளவு சொன்னாலும் நிறுவனத்தின் பங்கு கழியாது. உண்மை சொன்னவருக்கு உடனே நஷ்டம், மறைத்தவருக்கு உடனே லாபம் என்று விதிகளை அமைத்துவிட்டு நேர்மையை எதிர்பார்ப்பது நிர்வாகத்துக்கு மலிவான வழி. 2015 மார்ச்சில் ஜெர்மன்விங்ஸ் துணை விமானி ஒருவர் வேண்டுமென்றே விமானத்தை ஆல்ப்ஸ் மலையில் மோதி, தன்னையும் சேர்த்து 150 பேரைக் கொன்றார். பணிக்குத் தகுதியில்லை என்று மருத்துவர் எழுதித் தந்ததை அவர் நிறுவனத்திடம் மறைத்திருந்தார். அந்த விபத்தை ஆராய்ந்த பிரெஞ்சு அமைப்பு, கண்காணிப்பை இறுக்கச் சொன்னதோடு நிற்கவில்லை. உரிமம் போனால் வாழ்க்கையே போகும் என்ற பயம்தான் விமானிகளை மறைக்க வைக்கிறது என்று கண்டு, அந்த இழப்பின் சுமையைக் குறைக்கவும், சக விமானிகளிடம் மனம்விட்டுப் பேச வழி செய்யவும் பரிந்துரைத்தது. (மனநோய் உள்ளவர் எல்லாம் ஆபத்தானவர் என்று இதிலிருந்து முடிவு கட்டுவது அநியாயம், சோர்வுக்கோ தூக்கமின்மைக்கோ சிகிச்சை பெறும் மிகப் பெரும்பாலோர் யாருக்கும் தீங்கு நினைப்பவர் அல்ல. அந்த அவச்சொல்லுக்குப் பயந்தே ஷேப்பின் முதல் கூறான மனநலக் குறையைப் பலர் மறைக்கக்கூடும்.) 2022-இல் வந்த அக்னிபத் திட்டத்தில் இந்த நெருக்கடி இன்னும் கூர்மை பெற்றிருக்கிறது. நான்கு வருடப் பணி, முடிவில் 25 சதவீதம் வரைதான் நிரந்தரம், மற்றவர்களுக்கு ஓய்வூதியமோ கிராஜுவிட்டியோ இல்லை. இருபத்தொரு வயதில் முழங்கால் தசைநார் விட்டுப்போனால் சிக் ரிப்போர்ட் போடுவதா, பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுவதா என்று இத்திட்டத்தில் சேர்ந்த ஓர் அக்னிவீர் தயங்குவதைக் கோழைத்தனம் என்றோ வஞ்சகம் என்றோ சொல்ல முடியாது.

இங்கேதான் மேலே சொன்ன உரிமையின் எல்லை தெரிகிறது. அந்த முழங்கால் வலிக்காரர் சமவெளி முகாமில் ஸ்டோரில் வேலை செய்பவர் என்று வைத்துக்கொள்வோம். அவர் வலியால் இன்னொருவர் உயிருக்கு ஆபத்து இல்லை. அவர் தானாக முன்வந்து சொல்லியே ஆகவேண்டும் என்று அவரை நெருக்க யாருக்கும் நியாயம் இல்லை. மூட்டு நிரந்தரமாகக் கெடலாம், பதிவில்லாமல் போனால் இழப்பீடு கேட்க முடியாது என்பதைத் தெளிவாக எடுத்துச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம். மருத்துவர் நேராகக் கேட்கும்போது பொய் சொல்லாதே என்பது வேறு. அதை எப்போதும் சொல்லலாம். அதே பையன் அடுத்த மாதம் உயரப் பகுதிக்கு மாற்றலாகிறான் என்றால் நிலைமை மாறுகிறது. அப்போது யோசனை சொல்பவர் ஒதுங்கி நிற்க முடியாது, தேவைப்பட்டால் அவன் மனம் வருந்தும்படியும் பேசத்தான் வேண்டும். பேசிவிட்டு அவனைத் தனியே விட்டுவிடவும் முடியாது. சிகிச்சைக்குப் பிறகு மறு பரிசோதனை எப்போது, தற்காலிகக் கேட்டகரியிலிருந்து ஷேப்-1-க்குத் திரும்ப என்ன செய்யவேண்டும், போர்டின் முடிவில் உடன்பாடில்லை என்றால் மேல்முறையீட்டை எங்கே, எத்தனை நாளுக்குள் போடுவது, ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போகும் நிலை வந்தால் எந்தக் காகிதங்கள் வேண்டும் என்பதையெல்லாம் விசாரித்துத் தரும் அலைச்சல் அவர் தலையில் விழுகிறது. அந்த அலைச்சலுக்குத் தயாராக இல்லாதவர் 'உண்மையைச் சொல்' என்று வாயைத் திறக்கும்முன் கொஞ்சம் யோசிப்பது நல்லது.