நுகத்தின் கீழ் ஓர் இளைப்பாற்றி



பாரம் சுமந்து சோர்ந்துபோன யாவரையும் நமது ஆண்டவர் தம்மிடம் வரும்படி அழைக்கிறார் என்றும், வருகிறவர்களுக்கு இளைப்பாற்றி தருவதாக வாக்களிக்கிறார் என்றும் அர்ச். மத்தேயு தமது சுவிசேஷத்தின் 11-ஆம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறார். இதைக் கேட்டு ஆறுதலடையாத கிறிஸ்தவன் இல்லை. ஆனால் அதற்கு அடுத்தாற்போல் அவர் சொல்வதை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. களைத்து வந்தவனுக்கு அவர் பாயும் தலையணையும் காட்டவில்லை. தமது நுகத்தை ஏற்றுக்கொள்ளச் சொல்லுகிறார்! களைத்தவன் கழுத்தில் நுகத்தை வைத்தால் அது எப்படி இளைப்பாற்றியாகும்? இந்தக் கேள்வியையே இந்த வாரம் நாம் தியானிப்போம்.

முதலாவது, நம்முடைய களைப்பு எப்படிப்பட்டது என்று பார்ப்போம். விடியற்காலையில் ஸ்ரீரங்கத்திலிருந்து காவேரிப் பாலத்தைக் கடந்து வேலைக்குப் போகிறவர்களின் முகங்களைப் பாருங்கள். காந்தி மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவருக்கு வட்டிக்காரன் நினைவு. பொன்மலைத் தொழிலாளிக்கு மகளின் கலியாண நினைவு. துவாக்குடியில் சிறு பட்டறை வைத்திருப்பவருக்கு, வேலை வருமா, சனிக்கிழமை கூலி கொடுக்க முடியுமா என்ற நினைவு. குழுவில் கடன் வாங்கிய தாய்க்குத் தவணை நாள் நினைவு. இரவில் படுத்தாலும் தலைமாட்டில் கைபேசி விழித்துக்கொண்டிருக்கிறது. உடல் களைத்தால் தூக்கம் அதைத் தீர்க்கும். மனம் களைத்தாலோ தூக்கமே வருவதில்லை. இன்றைய வேலை நம்மை அவ்வளவு முறிப்பதில்லை. இன்னும் வராத நாளையையும், கடந்துபோன நேற்றையும் இன்றைய வேலையோடு சேர்த்துத் தூக்குகிறோமே, அதுதான் முறிக்கிறது.

இப்பொழுது நுகத்தைப் பற்றி யோசியுங்கள். இக்காலத்தில் டிராக்டர் வந்துவிட்டாலும், லால்குடிப் பக்கத்துப் பெரியவர்களுக்கு ஏர் உழவு மறந்திராது. நுகத்தடி ஒரு மாட்டுக்கு ஆனதல்ல, இரண்டு மாடுகளுக்கு ஆனது. பழகாத காளையைப் பழகின காளையோடு சேர்த்துப் பூட்டுவார்கள். இளங்காளை துள்ளும், பக்கம் இழுக்கும். பழகின காளையோ நேராக நடக்கும். சில நாளில் இளங்காளையும் அதன் நடையைக் கற்றுக்கொள்ளும். நமது ஆண்டவர் “என் நுகம்” என்று சொல்வதை இப்படியும் தியானிக்கலாம் அன்றோ? தாம் சுமக்காத நுகத்தை அவர் நமக்குத் தருவதில்லை. நாசரேத்துத் தச்சுப் பட்டறையில் உழைத்தவர், ஜெத்சேமனித் தோட்டத்தில் இரத்த வியர்வை வியர்த்தவர், மறுபக்கத்தில் நம்மோடு பூட்டப்பட்டு நடக்கிறார். சுமை இருக்கிறது, ஆனால் தனியாகச் சுமப்பது நின்றுபோகிறது. கிறிஸ்தவனுடைய இளைப்பாற்றி இதுவே.

நமது ஊருக்கு அருகிலேயே இதற்கு ஓர் உவமை இருக்கிறது. முக்கொம்பில் காவேரி இரண்டாகப் பிரிந்து, ஸ்ரீரங்கம் தீவை நடுவில் வைத்து, காவேரியாகவும் கொள்ளிடமாகவும் ஓடுவதை அறிவீர்கள். கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது. ஆகையால் முற்காலத்தில் தண்ணீர் மேலும் மேலும் அந்தப் பள்ளத்திலேயே பாய்ந்தது. காவேரியின் தலைப்பில் மணல் மேடிட்டது. தஞ்சைச் சீமையின் வயல்கள் தண்ணீருக்கு ஏங்கின. 1836-ஆம் ஆண்டில் ஆர்தர் காட்டன் என்ற பொறியாளர் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டத் தொடங்கினார். அந்த அணை தண்ணீரைப் புதிதாக உண்டாக்கவில்லை. பள்ளத்தில் வீணாக ஓடியதை வயலுக்குத் திருப்பியது, அவ்வளவுதான். வெள்ளம் மிஞ்சினால் மட்டும் கொள்ளிடத்தின் வழியே கடலுக்கு விட்டார்கள்.

நம் உள்ளமும் அப்படியே. சர்வேசுரன் ஒவ்வொரு நாளுக்கும் வேண்டிய பலத்தைத் தருகிறார். ஆனால் கவலை என்னும் பள்ளம் தாழ்ந்திருப்பதால் பலமெல்லாம் அதற்குள்ளேயே ஓடிவிடுகிறது. மனைவி மக்களோடு அன்பாய்ப் பேசுவதற்கும், செய்யவேண்டிய வேலையைச் செவ்வையாய்ச் செய்வதற்கும் ஒன்றும் மிஞ்சுவதில்லை. செபமும் பொறுமையும் அந்தப் பள்ளத்தின் குறுக்கே கட்டும் அணை. நம்மால் ஆகக்கூடியதைக் கடமை என்னும் வயலுக்குத் திருப்ப வேண்டும். நம் கைக்கு மிஞ்சின வெள்ளத்தைத் தேவ பராமரிப்பு என்னும் கடலுக்கு விட்டுவிட வேண்டும். இன்னுமொன்று: 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அதே கொள்ளிடம் அணையில் 9 மதகுகள் வெள்ளத்தில் இடிந்து விழுந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். உடனே பாறைகளையும் மணல் மூட்டைகளையும் போட்டுத் தடுத்து, பின்பு புதிய அணை கட்டினார்கள். பழுது பார்க்காமல் எந்த அணையும் நிற்காது. பல வருடங்களுக்கு முன் கற்ற செபத்தை நம்பி இன்றைய வெள்ளத்தைத் தாங்க நினைக்கலாகாது.

இவையெல்லாம் பேசுவதற்கு நன்றாயிருக்கின்றன, கஷ்டம் வந்தவனுக்குத்தான் தெரியும் என்று சிலர் சொல்லக்கூடும். நியாயமே. ஆகையால் கஷ்டம் வந்த ஒருவரையே கேட்போம்.

1712-ஆம் ஆண்டு நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் ஆட்சியில் பத்மநாபபுரத்தில் உத்தியோகம் பார்த்தவர். அவருக்குக் குடும்பத்தில் ஆடுமாடுகளும் விளைச்சலும் நஷ்டமாகி, மனம் மிக வாடியிருந்தது என்று அவருடைய சரித்திரம் கூறுகிறது. அப்பொழுது, 1741-ஆம் ஆண்டு குளச்சல் போரில் பிடிபட்டுப் பின்பு மன்னரிடமே பணியாற்றிய தெ லனோய் என்னும் கத்தோலிக்கத் தளபதி அவருடைய முகவாட்டத்தைக் கவனித்தார். காரணம் கேட்டு, யோபு என்னும் நீதிமானின் கதையைச் சொன்னார். பிள்ளையின் மனம் திறந்தது. 1745-ஆம் ஆண்டு மே மாதம் 14-ஆம் நாள் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார்.

நஷ்டம் தீர்ந்து சுகமாக வாழ்ந்தார் என்று கதை முடியவில்லை, பிரியமானவர்களே. 1749-ஆம் ஆண்டு அவரைச் சிறைப்பிடித்தார்கள். மூன்று வருட காலம் விலங்கும் அடியும் அவமானமும். எருமையின்மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். பெருவிளையில் ஒரு வேப்பமரத்தில் கட்டிவைத்தார்கள். அங்கேயோ ஒரு புதுமை நடந்தது. துன்பப்படுகிறவரைப் பார்த்து ஆறுதல் சொல்ல வேண்டிய ஜனங்கள், தங்கள் துன்பத்திற்கு ஆறுதல் தேடி அவரிடமே வந்தார்கள்! ஆடுமாடு போனதற்கு வாடின அதே மனிதர், தம் உயிரே போகும் நிலையில் பிறருக்கு நிழலானார். 1752-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழிக் காட்டாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கோட்டாறு அர்ச். சவேரியார் கோவிலில் அவர் உடல் துயில்கிறது. 2022-ஆம் ஆண்டு மே மாதம் 15-ஆம் நாள் பிரான்சிஸ் பாப்பரசர் அவரை அர்ச்சியசிஷ்டவராகப் பிரகடனம் செய்தார். அவர் குருவல்ல, சந்நியாசியல்ல. நம்மைப்போல் உத்தியோகமும் குடும்பமும் உள்ள இல்லறத்தார். பொறுமை மடத்துச் சுவருக்குள் மாத்திரம் வளரும் செடியல்ல என்பதற்கு அவரே சாட்சி.

இங்கே ஒரு தப்பறையை விலக்க வேண்டும். பொறுமை என்றால் வாய் திறவாமல் எல்லாவற்றையும் விழுங்குவது என்று சிலர் எண்ணுகிறார்கள். யோபு வாய் திறவாதவரா? அவர் சர்வேசுரனிடமே முறையிட்டார், வழக்காடினார், அழுதார். ஆனால் அவரை விட்டு விலகவில்லை. அவருக்கு நியாயம் கற்பிக்க வந்த நண்பர்களைத்தான் சர்வேசுரன் கடிந்துகொண்டார். அர்ச். சின்னப்பர் தமக்கு அநீதி நேரும்போது இராயனிடம் மேல்முறையீடு செய்யவில்லையா? ஆகையால் குடித்துவிட்டு அடிக்கும் கணவனிடம் அடிபட்டுக்கொண்டே இருப்பதைப் பொறுமை என்று எந்தப் பெண்ணுக்கும் போதிக்காதீர்கள். அவளுக்கு அடைக்கலம் தேடிக் கொடுப்பது நம் கடமை. அப்படியே வாரக்கணக்காய்த் தூக்கமின்றி, வாழவே மனமின்றி வாடுகிறவர்களை விசுவாசம் குறைந்தவர்கள் என்று தூற்றாதீர்கள். செபத்தோடு கூட வைத்தியரிடமும் அழைத்துப் போங்கள். வைத்தியனும் மருந்தும் சர்வேசுரன் தந்தவையே.

இனி, இந்த வாரத்திற்கு மூன்று காரியங்கள்.

முதலாவது, இரவு செபத்துக்கு முன் கைபேசியை வேறு அறையில் வையுங்கள். அன்றைய கவலைகளை ஒவ்வொன்றாய் ஆண்டவர் முன் பேர் சொல்லி வையுங்கள். நாளைக்கு நான் செய்யக்கூடியது எது, அவருக்கே விடவேண்டியது எது என்று பிரித்துப் பாருங்கள். செய்யக்கூடியதைக் காலையில் செய்யத் தீர்மானியுங்கள். மற்றதை அவர் கையில் ஒப்படைத்துப் படுங்கள். புயலடித்த படகில் நமது ஆண்டவரே தலையணை வைத்துத் தூங்கினார் என்று அர்ச். மாற்கு எழுதவில்லையா?

இரண்டாவது, ஞாயிற்றுக்கிழமையைக் காப்பாற்றுங்கள். 13-ஆம் சிங்கராயர் பாப்பரசர் 1891-ஆம் ஆண்டு தொழிலாளரைக் குறித்து எழுதிய நிருபத்தில், வேலையாளுக்குரிய ஞாயிறு ஓய்வை எடுத்துரைத்தார். திவ்விய பூசை கண்டு, வீட்டாரோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். அத்துடன் ஒன்று கேட்கிறேன்: உங்கள் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் பெண்ணுக்கு ஞாயிறு உண்டா? உங்கள் கடைப் பையனுக்கு உண்டா? நமக்கு இளைப்பாற்றி கேட்டுக்கொண்டே பிறருடைய இளைப்பாற்றியைப் பறிப்பது நீதியல்ல.

மூன்றாவது, இன்னொருவருடைய சுமையில் ஒரு முனையைப் பிடியுங்கள். தெ லனோய் ஒரு முகவாட்டத்தைக் கவனித்தார். ஓர் அர்ச்சியசிஷ்டவர் நமக்குக் கிடைத்தார். உங்கள் தெருவில் வாடிய முகம் எது? போதனை செய்யப் போகாதீர்கள். உட்கார்ந்து கேட்டுவிட்டு வாருங்கள்.

பாலக்கரைக் கோவிலில் நாம் வணங்கும் சகாயமாதாவின் படத்தை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? இரு சம்மனசுகள் சிலுவையையும் ஈட்டியையும் காட்டுகிறார்கள். பாலன் சேசு அவற்றைக் கண்டு அஞ்சித் தாயின் கையை இரு கைகளாலும் பற்றிக்கொள்கிறார். பாதரட்சை ஒன்று கழன்று தொங்குகிறது. தாய் சிலுவையை அப்புறப்படுத்தவில்லை. பிடித்த கையை விடவுமில்லை. நமக்கும் சிலுவை உடனே மறையாமல் இருக்கலாம். வட்டியும் வியாதியும் நாளைக்கும் இருக்கலாம். ஆனால் பிடித்துக்கொள்ள ஒரு கை உண்டு.

களைத்தவர்களே, அஞ்சாமல் வாருங்கள். திவ்விய நற்கருணைப் பேழையின் முன் சற்று நேரம் சும்மா உட்காருங்கள். வார்த்தை வராவிட்டாலும் பரவாயில்லை. நுகத்தின் மறுபக்கத்தில் இருப்பவருக்கு நம் மூச்சின் சத்தமே போதும்.

அர்ச். தேவசகாயம் நமக்காக வேண்டிக்கொள்வாராக. சகாயமாதா நம் குடும்பங்களைத் தமது அடைக்கலத்தில் வைத்துக் காப்பாராக. ஆமென்.