சொந்த இடம் எது?

திங்கட்கிழமை விடியற்காலையில் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போனால், யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் யார் வாடகை வீடு தேடுகிறார்கள் என்று நேரிலேயே பார்க்கலாம். தோளில் பையும் கையில் சாப்பாட்டுப் பெட்டியுமாக ஆசிரியர்கள், தாதியர், பிரதேச செயலக அலுவலர்கள். நயினாதீவுக்குப் போகிறவர்கள் கால் மணி நேரத்தில் கரை சேர்ந்துவிடுவார்கள். பின்னேரம் வீடு திரும்பலாம். நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். காற்று எழும்பினால் படகு ஓடாது. எனவே நெடுந்தீவுக்கு மாற்றலாகி வருகிறவர் கடமையை ஏற்கும் கையோடு ஓர் அறையும் தேடியாக வேண்டும்.

அறை கேட்டு எடுக்கும் தொலைபேசிப் பேச்சு பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் போகும். என்ன வேலை, எத்தனை பேர், எவ்வளவு காலம் என்று கேட்டு முடித்த பிறகு, "பிள்ளைக்குச் சொந்த இடம் எது?" என்று ஒரு கேள்வி வரும். யாழ்ப்பாணம் என்ற பதில் போதாது. "யாழ்ப்பாணத்தில எவடம்?" ஊரைச் சொன்னால் குறிச்சி. குறிச்சியைச் சொன்னால் எந்தக் கோயிலடி. மூன்றாவது பதிலுக்குள் சாதி பிடிபட்டுவிடும். அந்தச் சொல் ஒரு தடவையேனும் வாயில் வந்திராது. "இப்பதான் ஒருத்தருக்குச் சொல்லிப்போட்டம், பிள்ளை" என்று பேச்சு முடிந்தால், ஏன் என்று கேட்க வழியே இல்லை.

வீட்டுக்காரர் விசாரிக்கத்தான் வேண்டும். எதுவரை விசாரிக்கலாம் என்பதே கேள்வி.

விசாரிக்கிறவர் பக்கத்து நியாயத்தை முதலில் பார்ப்போம். தீவகத்தில் வீட்டை வாடகைக்கு விடுபவர் ஒரு வீடு, மிஞ்சினால் இரண்டு வீடு வைத்திருப்பவர். அந்த வீடு அநேகமாகத் தாய்க்கோ மகளுக்கோ சீதனமாக எழுதியது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, மாத வாடகையில் மருந்துச் செலவைப் பார்க்கும் மூதாட்டிக்கு, ஆறு மாதம் வாடகை நின்றால் அடுப்பே எரியாது. நூறு வீடு வைத்திருக்கும் நிறுவனம் ஒரு குடியின் நட்டத்தை மற்றத் தொண்ணூற்றொன்பதில் ஈடுகட்டும். ஒற்றை வீட்டுக்காரிக்கு அந்த வசதி இல்லை. வந்தவர் காசு தருவாரா, வீட்டைக் கவனமாக வைத்திருப்பாரா என்று அவர் துருவிக் கேட்பதில் பிழை ஒன்றுமில்லை. ஒரே வளவில் ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளப் போகிற ஆட்கள் என்றால் கேள்விகள் இன்னும் கூடுவதும் இயல்பு.

சட்டத்தின் மீதான அச்சமும் இதில் சேர்கிறது. 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம் குடியிருப்பாளரை எழுப்புவதைக் கடினமாக்கியது. கொழும்பில் வீடு வைத்திருந்த தீவகத்தார் பலர் வழக்கென்று அலைந்த கதைகளோடு ஊர் திரும்பினார்கள். அடுத்த ஆண்டே, ஒரு குடும்பம் எத்தனை வீடு வைத்திருக்கலாம் என்று வரம்பு கட்டிய சட்டமும் வந்தது. அந்த வரம்பு பின்னர் நீக்கப்பட்டது. அதைவிடப் பழையது 1871 ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம்: பத்து ஆண்டுகள் எதிர் உரிமையோடு ஒரு காணியை ஆண்டவர் அதற்குச் சொந்தம் கொண்டாடலாம். "பத்து வருசம் இருந்தா வீடு போயிடும்" என்ற பேச்சு தீவகத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அந்தப் பேச்சு பாதிதான் உண்மை. வாடகைக்கென்றோ காவலுக்கென்றோ உரிமையாளரின் சம்மதத்தோடு உள்ளே வந்தவர், வெறுமனே பத்து ஆண்டு இருந்துவிட்டார் என்பதற்காக உரிமை பெற முடியாது. வாடகைப் பற்றுச்சீட்டு அதற்கு நல்ல தடுப்பு. போரால் தங்கள் காணிக்கு வரமுடியாமல் போனவர்களுக்காக 2016 இல் நிறைவேறிய 5 ஆம் இலக்கச் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அவர்களுக்கு எதிராக எண்ணக் கூடாது என்றது. முறையாக எழுதிய குத்தகை முடிந்தால் வீட்டை விரைவாக மீட்பதற்கென 2023 இல் 1 ஆம் இலக்கச் சட்டமும் வந்திருக்கிறது. இத்தனைக்குப் பிறகும், ஒரு தாளில் ஒப்பந்தம் எழுதாமல் விட்டுவிட்டு, குடிவருபவரின் கோயிலடியைக் கேட்டு அச்சத்தைத் தணிக்கப் பார்க்கிறோம். கோயிலடிக்கும் வாடகைப் பாக்கிக்கும் என்ன தொடர்பு?

ஊர் கேட்டு ஆளை மதிப்பிடும் வழக்கத்தால் தீவகத்தார் பட்டது கொஞ்சமல்ல. 1990 ஓகஸ்டில் வேலணைத் தீவும், 1991 ஒக்டோபரில் புங்குடுதீவும் இராணுவத்தின் கைக்குப் போன நாட்களில் ஆயிரக்கணக்கானோர் கடல் கடந்து யாழ்ப்பாணத்தில் இடம் தேடினார்கள். 'தீவான்' என்று இளக்காரமாகச் சொல்லும் வழக்கம் அங்கே முன்பே இருந்தது. வீடு கேட்டு வாசலில் நின்றவருக்கு அந்தச் சொல் எப்படிக் கேட்டிருக்கும் என்பதைத் தீவகத்தாருக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

கொழும்பில் அந்த வழக்கம் இன்னொரு வடிவம் எடுத்தது. வெள்ளவத்தையிலும் புறக்கோட்டையிலும் தமிழருக்கு அறை கொடுத்தவர்கள் அவர்களைப் பொலிஸில் பதிய வேண்டியிருந்தது. அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருந்தால் கேள்விகள் பெருகின. 2007 ஜூன் 7 அதிகாலையில் விடுதிகளுக்குள் புகுந்த பொலிஸார் 376 தமிழரைப் பேருந்துகளில் ஏற்றி வவுனியாவுக்கும் மட்டக்களப்புக்கும் அனுப்பினார்கள். வைத்தியம் பார்க்கவும், வெளிநாட்டுப் பயண அலுவலாகவும், வேலை தேடியும் வந்திருந்தவர்கள் அவர்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் வழக்குத் தொடுத்தது. மறுநாளே உயர் நீதிமன்றம் வெளியேற்றத்தைத் தடுத்து இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. பிரதமர் இரத்தினசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார்.

அந்த வெளியேற்றத்தை அநீதி என்கிறோம். ஏன் அநீதி? அவர்களில் எவரும் என்ன செய்தார் என்று பார்க்கப்படவில்லை, எங்கே பிறந்தார் என்று மட்டுமே பார்க்கப்பட்டது என்பதால்தான். அரச படையின் கையிலுள்ள அதிகாரமும் ஒரு மூதாட்டியின் கையிலுள்ள அறைச் சாவியும் ஒன்றல்ல. விளைவின் பாரமும் ஒன்றல்ல. ஆனால் அளவுகோல் ஒன்றாக இருக்கிறது. வெள்ளவத்தையில் பிழையான அளவுகோல் வேலணையில் சரியாகிவிடாது.

இதைச் சட்டம் தடுக்காதா என்று கேட்கலாம். இலங்கை அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால் ஆகியவற்றைக் காட்டி எவரையும் தடுக்கக் கூடாத இடங்களை எண்ணிச் சொல்கிறது: கடைகள், உணவகங்கள், விடுதிகள், பொழுதுபோக்கு இடங்கள், அவரவர் மதத்தின் பொது வழிபாட்டு இடங்கள். தனியார் வாடகை வீடு அந்தப் பட்டியலில் இல்லை. அடிப்படை உரிமை வழக்கும் அரச நிர்வாகச் செயல்களுக்கு எதிராகத்தான் போட முடியும். ஆகவே தொலைபேசியில் கேட்கப்படும் அந்தச் சொந்த இடக் கேள்வி முழுக்க முழுக்க வீட்டுக்காரரின் மனச்சாட்சிக்கு விடப்பட்டிருக்கிறது.

கடல் கடந்த தீவகத்தார் இதே விடயத்தில் வேறு சட்டத்தின் கீழ் வாழ்கிறார்கள். கனடாவின் ஒன்ராறியோ மாகாண மனித உரிமைச் சட்டம், இனம், பிறந்த இடம், குடும்ப நிலை, அரச உதவிப் பணம் பெறுவது ஆகியவற்றைக் காட்டி வீடு மறுப்பதைத் தடைசெய்கிறது. வருமான விவரம், கடன் வரலாறு, முன்பிருந்த வீட்டுக்காரரின் சாட்சி ஆகியவற்றைக் கேட்கலாம். சமையலறையையோ குளியலறையையோ வீட்டுக்காரரின் குடும்பத்தோடு பகிர வேண்டிய வீட்டுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஸ்காபரோவில் நிலவறையை வாடகைக்கு விடும்போது இந்த வரம்புக்குள் நிற்கிறவர், ஊரிலுள்ள தன் வீட்டுக்கு "எங்கட ஆக்களாப் பாத்துக் குடு" என்று மைத்துனருக்குச் சொல்லி அனுப்பினால், அங்கே அவரைக் கட்டுப்படுத்தியது நியாயமா, தண்டப் பயமா என்ற ஐயம் எழும்.

சட்டமே மறுபக்கம் இழுத்த கதையும் உண்டு. இங்கிலாந்தில் 2014 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், குடிவருபவருக்கு அந்த நாட்டில் இருக்க உரிமை உண்டா என்று வீட்டுக்காரர் சரிபார்க்க வேண்டும், தவறினால் தண்டம். பயந்த வீட்டுக்காரர் சிலர் பிரித்தானியக் கடவுச்சீட்டு இல்லாதவரையும் வெளிநாட்டுப் பெயர்க்காரரையும் தட்டிக்கழிக்கத் தொடங்கினார்கள். 2019 இல் அங்குள்ள மேல் நீதிமன்றம் அந்தத் திட்டம் பாகுபாட்டுக்கு வழிவகுத்தது என்றது. 2020 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் பாகுபாடு நடப்பதை ஒப்புக்கொண்டே திட்டத்தை நிலைக்க விட்டது. பயத்தில் விசாரிப்பவர் கையில் அகப்படும் எளிய அடையாளத்தைத்தான் பிடித்துக்கொள்வார் என்பது அங்கும் தெரிந்தது.

குடிவருபவரை இவ்வளவு துருவும் நாம், வாடகைக்கென்று வீடு வாங்கும்போது எதை விசாரிக்கிறோம்?

புங்குடுதீவிலும் வேலணையிலும் கூரை இறங்கிய வீடுகள் இன்றும் நிற்கின்றன. முற்றத்தில் ஆலங்கன்று, சுவரில் வெடிப்பு, கிணற்றடியில் பற்றை. உரிமையாளர் சூரிச்சிலோ ரொறன்ரோவிலோ இருப்பார். வாங்கித் திருத்தி இரண்டு அறை எடுத்து வாடகைக்கு விட்டால் நல்லதுதானே? நல்லதுதான், பாழ்வளவில் விளக்கு எரியும், ஊருக்கு வரும் ஆசிரியைக்கும் ஓர் இடம் கிடைக்கும். ஆனால் உறுதியை விரித்துப் பார்த்தால், "பிரிபடாத பங்கும் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும்" என்று எழுதியிருக்கும். அந்தப் பங்குக்கு உடையவர்கள் இரண்டு கண்டங்களில் சிதறியிருப்பார்கள். அற்றோர்னித் தத்துவம் வைத்திருக்கும் ஒருவரோடு விலை பேசி முடித்தால், மற்றவர்கள் செய்தி அறிவது வேலி விழுந்த பிறகுதான்.

யாழ்ப்பாணத்தாரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை இதற்கு நெடுங்காலத்துக்கு முன்பே வழி சொல்லியிருக்கிறது. 1707 இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசக்ஸ் தொகுத்த அந்த வழக்காற்றின்படி, காணி விற்பவர் முதலில் உரிமைக்காரருக்கும் பங்காளிக்கும், ஈட்டுக்குப் பிடித்திருக்கும் பக்கத்து வளவுக்காரருக்கும் தெரிவிக்க வேண்டும். 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அந்த முந்துரிமையைப் பங்காளிகளுக்கும் உரிமைக்காரருக்கும் மட்டுமாகச் சுருக்கினாலும், அறிவித்தல் கொடுக்கும் கடமையை விட்டுவிடவில்லை. அறிவித்தலை ஒரு சடங்காக முடிப்பவரும் உண்டு, உண்மையாகவே ஒவ்வொருவரையும் தேடிப் பேசுபவரும் உண்டு. வாங்குபவரின் நேர்மை அந்த வேறுபாட்டில் தெரிந்துவிடும்.

உறுதியில் பெயரில்லாத ஓர் ஆளும் இருப்பார். உரிமையாளர் ஓடிய பிறகு அந்த வீட்டுக்குள் வந்து, ஓடு மாற்றி, கிணறு இறைத்து, பதினைந்து ஆண்டு பார்த்துக்கொண்ட குடும்பம். காவலுக்கு வந்தவருக்குச் சட்டத்தில் பெரிதாக இடமில்லை. வாங்குபவர் கேட்பது ஆளில்லாத வெறும் வீடு. அந்தக் குடும்பத்துக்குப் போக்கிடம் தேட நாலு மாதம் கொடுப்பதும், போட்ட ஓட்டின் காசைக் கணக்குப் பார்த்துக் கொடுப்பதும், திருத்திய அறை ஒன்றை முதலில் அவர்களிடமே கேட்பதும் சட்டம் கட்டாயப்படுத்தாதவை. வீட்டின் விலையில் அவர்களுடைய உழைப்பும் கலந்திருக்கிறது என்பதால் அவை கொடுக்கவேண்டிய கடனாகின்றன. விலை பேசும்போதே இதை விற்பவரோடு பேசிப் பிரித்துக்கொண்டால் வாங்குபவர் தலையில் மட்டும் சுமை விழாது.

ஆக, விசாரணையைத் திசை திருப்ப வேண்டியிருக்கிறது. வீடு வாங்கும்போது வீட்டின் பூர்வீகத்தைத் துருவிக் கேட்கலாம்: யார் பங்கு, யார் உழைப்பு, யாருக்கு அறிவித்தல் போனது. குடி வைக்கும்போது ஆளின் பூர்வீகத்தை விட்டுவிடலாம். வேலை எங்கே, எத்தனை பேர், எவ்வளவு காலம், முன்பிருந்த வீட்டுக்காரரின் தொலைபேசி இலக்கம் என்ன. இந்த நாலும் போதும். முற்பணத்துக்கும் மாத வாடகைக்கும் பற்றுச்சீட்டு, எழுதிய ஒப்பந்தம், மின்மானியின் வாசிப்பு, கிணற்றில் எந்த நேரம் யார் அள்ளுவது என்ற பேச்சு. வாடகைப் பாக்கியிலிருந்தும் ஆட்சியுரிமைப் பயத்திலிருந்தும் வீட்டுக்காரரைக் காப்பவை இவைதான்.

அடுத்த திங்கட்கிழமையும் குறிகட்டுவானில் ஒருவர் பையோடு நிற்பார். படகுக்கு முன் அவர் எடுக்கும் அழைப்பு ஏதோவொரு தீவு வீட்டில் மணியடிக்கும். எடுக்கிறவர் அந்த நாலு கேள்வியோடு நிறுத்திக்கொள்ளட்டும்.