கிளி ஓதினால் கணக்கில் சேருமா?

எம்பி3 பிளேயர், எம்பி4 பிளேயர் என்று கடைகளில் விற்கும் கையடக்கக் கருவிக்குள் இருப்பவை சொற்பம். ஒரு நினைவகச் சில்லு, அதில் எண்களாகக் கிடப்பதை ஒலியாகவும் படமாகவும் மாற்றும் இன்னொரு சில்லு, சிறு திரை, பேட்டரி, இயர்போன் செருகும் துளை, அவ்வளவே. தென்கொரியாவின் சேஹான் நிறுவனம் 1998இல் விற்ற எம்பிமேன் இந்த வகையின் முன்னோடி. 2001இல் ஐபாட் வந்தது. 2005இல் அதில் படமும் ஓடத் தொடங்கியது. 2022இல் ஆப்பிள் அதைக் கைவிட்டது. இவற்றின் மலிவான சீன நகல்களை வடசென்னைக்குப் பர்மா பஜார் கடைகள் கொண்டுவந்து சேர்த்தன. காசிமேட்டு விசைப்படகிலும், எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குள் நுழையக் காத்துக் கிடக்கும் கண்டெய்னர் லாரியிலும், ராயபுரத்து ஒண்டுக்குடித்தன வீட்டு அலமாரியிலும் இவை பாடின. இப்போது அந்த வேலையைக் கைபேசியும் பென்டிரைவும் செய்கின்றன. சினிமாப் பாட்டோடு கூடவே இவற்றில் ஏறியவை எம்.எஸ். சுப்புலட்சுமி 1963இல் பதிவு செய்த சுப்ரபாதம், சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசம், நாகூர் ஹனீபாவின் பாடல்கள், கிறிஸ்தவக் கீர்த்தனைகள், கிராஅத் எனும் குர்ஆன் ஓதல். பிளக்கில் செருகியதும் ஒரே நாமத்தை ஓயாமல் சொல்லும் பிளாஸ்டிக் பெட்டியும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. கருவி ஓதும்போது அங்கே வழிபாடு நடக்கிறதா, நடக்கிறதென்றால் அதைச் செய்பவர் யார் என்ற கேள்வி இதன் ஒவ்வொரு வசதியிலும் வெவ்வேறு வடிவில் எழுகிறது.

முதல் வசதி சுருக்கம். குறுந்தகட்டில் நொடிக்குச் சுமார் 1,411 கிலோபிட் பிடிக்கும் இசை, எம்பி3 கோப்பில் 128 கிலோபிட்டுக்குள் அடங்கிவிடுகிறது. பதினொன்றில் ஒரு பங்கு மிஞ்ச, பத்துப் பங்கு கழிகிறது. எதைக் கழிப்பது என்பதை மனிதச் செவியின் இயல்பு தீர்மானிக்கிறது: உரத்த ஒலிக்கு அருகில் ஒலிக்கும் மெல்லிய ஒலி காதில் படுவதில்லை என்பதால் அதை விட்டுவிடலாம். வேத மரபில் இது சிறிய விஷயம் இல்லை. ஸ்வரம் பிசகினால் மந்திரம் ஓதியவனையே தாக்கும் என்பதற்குத் துவஷ்டாவின் கதையைச் சொல்வார்கள். இந்திரனைக் கொல்பவன் பிறக்க வேண்டும் என்று அவன் வேள்வி செய்தான். ஒரு சொல்லில் ஏற்ற இறக்கம் மாறிப்போனதால் இந்திரனால் கொல்லப்படும் விருத்திரன் பிறந்தான். ஆனால் எம்பி3 கழிப்பது ஸ்வரத்தை இல்லை. உதாத்தம், அனுதாத்தம் என்ற ஏற்ற இறக்கங்கள் கோப்பில் பத்திரமாகவே இருக்கின்றன. பெரும்பாலும் செவிக்கு எட்டாததே போகிறது. ஓதுபவரின் குரலில் செவிக்கு எட்டாததும் மந்திரத்தின் பகுதியா என்று கேட்டால், அதற்கான விடை ஒலியைப் பற்றிய கொள்கையில்தான் இருக்கிறது.

அந்தக் கொள்கையில் இந்தியத் தத்துவம் இரண்டாகப் பிரிந்து நெடுங்காலம் வாதிட்டது. ஜைமினியின் வழிவந்த மீமாம்சகருக்கு எழுத்தொலி என்றும் உள்ளது. நாவும் மூச்சும் அதைப் படைப்பதில்லை, வெளிப்படுத்துகின்றன. நியாய மரபினருக்கோ ஒலி தோன்றி, கணத்தில் மறைவது. தோன்றிய ஒலி அடுத்த ஒலியைப் பிறப்பிக்க, அது இன்னொன்றைப் பிறப்பிக்க, குளத்து அலைபோல் வரிசை நகர்கிறது. காது கேட்பது அந்த வரிசையின் கடைசி ஒலியை மட்டுமே. எதிரெதிரான இந்த இரு கொள்கைகளில் எதை ஏற்றாலும் பதிவுக்கருவிக்கு இடமுண்டு என்பதே இதில் வியப்பு. மீமாம்சகர் வழியில் பார்த்தால், மூச்சுக்குப் பதில் இயர்போனின் தகடு அதிர்ந்தாலும் வெளிப்படுவது அதே எழுத்தொலி. நியாய வழியில் பார்த்தால், எதிரே உட்கார்ந்து ஓதும் குருவின் முதல் ஒலியைக்கூடச் சீடன் நேரடியாகக் கேட்பதில்லை. கருவி அந்த வரிசையைப் பல ஆண்டுகளுக்கு நீட்டிவிட்டது, அவ்வளவுதான். ஆக, சிக்கல் ஒலியில் இல்லை. ஒலிக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்பதில் இருக்கிறது.

இதை யோசிக்க முற்பட்ட பழைய அறிஞர்களிடம் ஒலிப்பதிவு இல்லை, கிளி இருந்தது. பொருள் அறியாமல், எண்ணம் இல்லாமல், பிழையில்லாமல் சொல்லும் கிளி. 17ஆம் நூற்றாண்டில் விசுவநாதர் எழுதிய நியாய சித்தாந்த முக்தாவளி இந்தக் கேள்வியை நேராகவே எடுத்துக்கொள்கிறது. ஒரு வாக்கியத்தின் பொருள் விளங்க, சொன்னவரின் கருத்து என்ன என்று தெரிய வேண்டும் என்பது விதியானால், கருத்தே இல்லாத கிளியின் வாக்கியம் கேட்பவருக்கு எப்படி விளங்குகிறது? உண்மையான வாக்கியமாக இருந்தால் அங்கே கருத்து ஈசுவரனுடையது. பொய்யான வாக்கியமாக இருந்தால் கிளிக்குச் சொல்லிக் கொடுத்தவனுடையது. விடை கொஞ்சம் வசதியானது என்று தோன்றலாம். ஆனாலும் கருவிக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது: கருவிக்குக் கருத்து இல்லை, அதில் ஏற்றியவருக்கும் பாடியவருக்கும் உண்டு.

இஸ்லாமியச் சட்டத்திலும் அதே பறவை வருகிறது. குர்ஆனில் சில வசனங்களை ஓதியவரும் கேட்டவரும் நெற்றி தரையில் பட ஸஜ்தா செய்வது வழக்கம். ஹனஃபி மத்ஹப் என்ற சட்டப்பிரிவில் தற்செயலாகக் காதில் விழுந்தாலும் இது கடமை. ஆனால் மலையில் மோதித் திரும்பும் எதிரொலியில் கேட்டாலோ, பழக்கிய பறவையின் வாயில் கேட்டாலோ கடமை இல்லை என்று அந்த மத்ஹபின் நூல்கள் பிரித்துச் சொல்கின்றன. ஓதுதல் என்று சொல்ல, அறிவும் பொறுப்பும் உள்ள ஒருவர் ஓதியிருக்க வேண்டும். கேசட் வந்தபோது இந்த எதிரொலிச் சட்டத்தை அதன்மேல் வைத்துப் பார்ப்பது ஹனஃபி அறிஞர்களுக்குச் சிரமமாக இருக்கவில்லை. பதிவில் கேட்டால் ஸஜ்தா கடமை இல்லை என்பது அவர்களில் பலருடைய முடிவு. அதற்காக மரியாதையாகச் செவிசாய்க்க வேண்டியதில்லை என்று அவர்கள் சொல்லவில்லை. ஒருவரையொருவர் படிக்காத இரு மரபுகள் ஒரே பறவையிடம் வந்து நின்றதற்குக் காரணம், எண்ணத்தையும் குரலையும் பிரித்துக் காட்ட வேறு உயிர் அவர்களுக்கு அகப்படவில்லை என்பதாகத்தான் இருக்கும்.

இந்தத் தெளிவோடு மீள்பாட்டுப் பொத்தானைப் பார்த்தால் விடை எளிது. ஒன்றையே திரும்பத் திரும்பப் பாட விடுவது ஜபம் ஆகுமா? மனுஸ்மிருதி ஜபத்தைத் தரம் பிரிக்கிறது: விதிப்படி செய்யும் வேள்வியைவிட வாய்விட்டுச் செய்யும் ஜபம் பத்து மடங்கு, அருகில் இருப்பவருக்கும் கேளாதபடி செய்வது நூறு மடங்கு, மனத்துக்குள் செய்வது ஆயிரம் மடங்கு உயர்ந்தது. ஒலி குறையக் குறைய மதிப்பு ஏறும் இந்த அளவுகோலில், ஒலி மட்டுமே கொண்ட கருவிக்குக் கடைசிப் படியில்கூட இடமில்லை. சங்கற்பம் இல்லாத எண்ணிக்கை நூற்றெட்டானாலும் எண்ணிக்கைதான். நிய்யத் என்ற மன உறுதி இல்லாத தொழுகையைப் பற்றியும், மனம் சேராத செபமாலையைப் பற்றியும் மற்ற இரு சமயங்கள் சொல்வது இதற்கு வெகுதூரத்தில் இல்லை.

விதிவிலக்கு பௌத்தத்தில் இருக்கிறது. திபெத்தில் மந்திரத்தை எழுதி உருளைக்குள் வைத்துச் சுழற்றுவது புண்ணியம். சீனத் தூய நில மரபில் அமிதாபர் நாமம் சொல்லும் பெட்டியை மரணப் படுக்கைக்கு அருகில் ஓடவிடுகிறார்கள். பெய்ஜிங்கின் எஃப்எம்3 என்ற இசை இணை 2005இல் வெளியிட்ட புத்தா மெஷின் அத்தகைய பெட்டியைப் பார்த்துச் செய்ததே. அங்கே பெட்டி யாருக்குப் பதிலாகவும் ஓதவில்லை. போகிறவர் காதில் கடைசியாக நல்ல நாமம் விழ வேண்டும் என்பதுதான் நோக்கம். இறப்பவர் காதில் நாராயண நாமமோ கலிமாவோ சொல்லும் வழக்கமுள்ள குடும்பங்களுக்கு இந்த நோக்கத்தை விளக்க வேண்டியதில்லை.

பாட்டில் இரு புள்ளிகளைக் குறித்து இடையிலுள்ள துண்டை மட்டும் திரும்பக் கேட்கும் வசதி, மலிவான கருவிகளிலும் இருந்தது. மொழி கற்பவருக்காகச் செய்தது, தேவாரமும் திவ்யப் பிரபந்தமும் கற்பவருக்குப் பயன்பட்டது. பாடசாலையில் சந்தை சொல்வது என்று ஒரு முறை உண்டு. ஆசிரியர் ஒரு தரம் சொல்ல, மாணவர் இரு தரம் திருப்பிச் சொல்வர். கருவி முதல் பாதியை நன்றாகவே செய்கிறது. தருமபுரம் சுவாமிநாதன் பதிவு செய்த தேவாரப் பண்களை ஓதுவாரே இல்லாத ஊரிலும் நூறு முறை கேட்கலாம். மாணவர் சொல்லும்போது, அங்கே இழுக்காதே, இங்கே நிறுத்து என்று திருத்தும் இரண்டாம் பாதி அதனால் முடியாது. ஏட்டைப் பார்த்து ஓதுபவரைத் தாழ்ந்த ஓதுவோரில் ஒருவராகப் பாணினீய சிக்ஷை வைத்தது. கருவியைக் கேட்டு ஓதுபவர் அவரைவிட ஒரு படி மேல். ஏட்டில் பண் கேட்காது.

நேரலைக்கும் பதிவுக்கும் உள்ள வேறுபாட்டைச் சமயச் சட்டங்கள் கூர்மையாகக் கவனித்திருக்கின்றன. தொழுகை அழைப்பான பாங்கை ஒலிநாடாவில் போட்டால் போதாது, ஒருவர் நின்று சொல்ல வேண்டும் என்று மக்காவின் இஸ்லாமியச் சட்ட அவையான ஃபிக்ஹு சபை 1986இல் முடிவு செய்தது. கிறிஸ்துமசுக்கும் ஈஸ்டருக்கும் பாப்பரசர் உலகுக்கு வழங்கும் ஆசீரை வானொலியிலோ தொலைக்காட்சியிலோ பெற்றாலும் பலன் உண்டு என்கிறது கத்தோலிக்கத் திருச்சபை. சடங்கு நடந்துகொண்டிருக்கும்போதே பக்தியோடு பின்பற்ற வேண்டும் என்பது நிபந்தனை. ராயபுரத்தில் படகுத் தொழில் செய்தவர்கள் 19ஆம் நூற்றாண்டில் எழுப்பிய புனித இராயப்பர் ஆலயத்துக்கு வர முடியாத நோயாளிக்கு நேரலைத் திருப்பலி ஆறுதல்; நற்கருணைக்கு அது ஈடாகாது. படுக்கையில் கிடந்தபடி கிறிஸ்துமஸ் வழிபாட்டைக் கண்டதாகச் சொல்லப்படும் புனித கிளாராவை, பாப்பரசர் பன்னிரண்டாம் பயஸ் 1958இல் தொலைக்காட்சியின் பாதுகாவலி ஆக்கினார். அவர் கண்டதாகச் சொல்லப்படுவதும் நடந்துகொண்டிருந்த வழிபாட்டையே.

திரை வந்ததும் கேள்வி காதிலிருந்து கண்ணுக்கு மாறுகிறது. 1987, 1988இல் தூர்தர்ஷனில் ராமாயணம் ஓடியபோது பெட்டிக்கு மாலை போட்டுத் தீபம் காட்டியவர்கள் உண்டு. சிரிப்பதற்கு ஒன்றுமில்லை, அச்சிட்ட காலண்டர் படம் பூஜை அறைக்குள் போய் நூறாண்டுக்கு மேல் ஆகிறது, அதற்கும் கும்பாபிஷேகம் நடப்பதில்லை. படம் நகர்வதால் புதிதாக எந்தத் தோஷமும் வந்துவிடாது. கருவி மாற்றுவது காலத்தை. திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலில் ஆதிபுரீசுவரரின் திருமேனி ஆண்டு முழுதும் கவசத்துக்குள் இருக்கிறது. கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசம் களைந்து, புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்துகிறார்கள். வரிசை மாட வீதிகளில் நீள்கிறது. அந்தக் காட்சியை ஒருவர் பதிவாக்கித் திரையில் ஓடவிட்டால், மறைப்பால் வந்த பொருள் முழுவதும் போய்விடும்; 362 நாள் காணாமல் இருந்ததும் அந்தத் தரிசனத்தின் பாகம். சைவ சித்தாந்தம் மறைத்தலை இறைவனின் ஐந்தொழில்களில் ஒன்றாக வைத்திருப்பதை இங்கே நினைக்கலாம். தரிசனம் இருவர் பார்வை என்பதும் உண்டு. பக்தன் பார்க்கிறான், தெய்வமும் பார்க்கிறது. பதிவில் பக்தனின் பார்வை மட்டும் மிஞ்சுகிறது.

இயர்போன் எழுப்பும் கேள்வி தத்துவத்தைவிட அக்கம்பக்கத்தோடு தொடர்புடையது. மாதவரம் நெடுஞ்சாலையை ஒட்டிய கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனிக் குடியிருப்போர் சங்கம், அருகிலிருந்த கிறிஸ்தவ சபையின் ஒலிபெருக்கிக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், 2000 ஆகஸ்ட் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறர் அமைதியைக் கெடுத்துத்தான் வழிபட வேண்டும் என்றோ, ஒலிபெருக்கி வைத்தே வேண்டிக்கொள்ள வேண்டும் என்றோ எந்தச் சமயமும் விதிக்கவில்லை என்பது அதன் சாரம். எல்லாச் சமயத்தாரின் ஒலிபெருக்கிகளுக்கும் அந்த வாதம் பொருந்தும். அதே ஆண்டு வந்த ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலுக்கு 55 டெசிபல், தொழிற்பகுதியில் 75. ஆலைகளும் லாரிகளும் நிறைந்த எண்ணூர்ப் பக்கம் 75க்குள் ஒருவர் தன் காதுக்கு மட்டும் கந்த சஷ்டி கவசம் கேட்க இயர்போன்தான் வழி. இழப்பும் உண்டு: பஜனையும் கூட்டுச் செபமும் ஒரு தெருவை ஒரே நேரத்தில் கேட்க வைத்தன, இயர்போன் வீட்டுக்குள்ளேயே நான்கு பேரை நான்கு திசையில் உட்கார்த்துகிறது.

எஞ்சுவது நினைவக அட்டை. கிழிந்த வேத நூலை ஆற்றில் விடுவார்கள். பழைய குர்ஆன் பிரதியைத் துணியில் சுற்றிப் புதைப்பார்கள். அட்டையில் குர்ஆன் இருந்தால், ஒளு என்ற உடல் சுத்தி இல்லாமல் தொடலாமா, கழிவறைக்குக் கொண்டு போகலாமா என்ற கேள்விக்கு இக்கால முஸ்லிம் அறிஞர்களில் பெரும்பாலோர் தரும் விடை, திரையில் வசனம் தெரியாதவரை அது முஸ்ஹஃப், அதாவது குர்ஆன் பிரதி, இல்லை என்பது. உள்ளே கிடப்பவை எழுத்துகளே அல்ல, மின்னேற்ற அளவுகள். கோப்பை அழித்தாலும் அவை உடனே போவதில்லை; பட்டியலிலிருந்து பெயர் மட்டும் நீங்குகிறது, அடுத்த பாட்டு அதே இடத்தில் ஏறும்வரை பழையது அப்படியே இருக்கும். வாசிக்க முடியாததை வாசகமாக எண்ண வேண்டியதில்லை என்ற அளவுகோலின்படி, பேட்டரி உப்பிப்போன பிளேயரைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடச் சமயத் தடையில்லை.