விலை கொடுப்பவர் யார்?

"ஜெபித்துப் பார்த்தோம். மனதில் சமாதானம் இல்லை." தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் ஒரு கல்யாணப் பேச்சை முறிக்க இந்த இரண்டு வாக்கியம் போதும். பையன் படித்தவன், ஒழுக்கமானவன், அதே சபையில் வளர்ந்தவன். சாதி மட்டும் வேறு. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சாதி சொன்ன பதிலுக்கு 'தேவ சித்தம்' என்று பெயர் வைத்து அனுப்பிவிடுகிறோம். சொந்தச் சாதியில் ஓர் இந்து வரன் வந்தால், ஞானஸ்நானம் கொடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம் என்று அதே வீட்டில் சமாதானம் திரும்பி வந்துவிடுகிறது.

இந்தச் சமாதானம் எதனால் வருகிறது, எதனால் போகிறது? இதைக் கேட்டால், "மனச்சாட்சி விஷயத்தில் தலையிடாதீர்கள்" என்கிறார்கள். தலையிடத்தான் வேண்டும். மனச்சாட்சி வானத்திலிருந்து இறங்கி வருவதில்லை. அது வீட்டுத் திண்ணையில், பெரியவர்களின் பேச்சில், தெருவின் எல்லையில் வளர்கிறது. மனச்சாட்சியும் தவறக்கூடும் என்று 13ஆம் நூற்றாண்டிலேயே தாமஸ் அக்வினாஸ் எழுதிவிட்டார். தவறக்கூடிய எதையும் சோதித்துப் பார்ப்பது நம் கடமை.

சோதிக்க நம் மண்ணிலேயே ஒரு வரலாறு கிடக்கிறது. பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயகம் சாஸ்திரியார் தஞ்சையில் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் படித்தவர். அவருடைய பாடல்களை இன்றும் கோயில்களில் பாடுகிறோம். 1820களில் புதிதாக வந்த மிஷனரிகளோடு அவருக்குப் பெரிய மோதல் உண்டாயிற்று. வேதாகமத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள், பண்டிகையிலும் கல்யாணத்திலும் பூ வைக்கக் கூடாது என்கிறார்கள், தமிழ்க் கீர்த்தனைகளைத் தடுக்கிறார்கள், சாதிகளைக் கலக்கச் சொல்கிறார்கள் என்று அவர் முறையிட்டார்.

அந்த முறையீட்டை ஒரே மூச்சில் தள்ளுவதும் தவறு, ஒரே மூச்சில் ஏற்பதும் தவறு. மணப்பெண் தலையில் மல்லிகை இருப்பதால் யாருக்கும் எதுவும் குறைவதில்லை. கர்நாடக ராகத்தில் இயேசுவைப் பாடினால் எவருடைய இடமும் பறிபோவதில்லை. இவற்றைத் தடுக்க எந்த மிஷனரிக்கும் உரிமை இல்லை. சாஸ்திரியார் கேட்டது நியாயமான சுதந்திரம். ஆனால் கோயிலுக்குள் சாதிவாரியாக உட்கார்வதற்கும், நற்கருணைக்குச் சாதி வரிசையில் போவதற்கும் அவர் அதே சுதந்திரத்தைக் கேட்டார். அந்த வரிசையின் கடைசியில் நின்றவரிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று கடிதம் எழுதினார். பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். பின்னர் வந்த ஜெர்மானிய லைப்சிக் மிஷன் சாதியைப் பொறுத்துக்கொள்ளலாம் என்ற நிலையை எடுத்தது. அதன் இயக்குநர் கார்ல் கிரவுல், திருக்குறளை ஜெர்மனில் மொழிபெயர்த்தவர். கற்றவர், தமிழை நேசித்தவர். சாதியைச் சமூக வழக்கம் என்று கருதினார். அதை வலுக்கட்டாயமாக ஒழிப்பது தவறு என்றார்.

பலவீனமான சகோதரனின் மனச்சாட்சியைப் புண்படுத்தாதே என்று பவுல் சொல்லவில்லையா என்று இங்கே கேட்பார்கள். சொன்னார். கொரிந்து பட்டணத்தில் சிலைக்குப் படைத்த இறைச்சியைத் தின்னலாமா என்ற கேள்வி வந்தபோது, தின்பதில் குற்றமில்லை, ஆனாலும் தயங்குகிறவனுக்காக விட்டுக்கொடு என்றார். அந்த விட்டுக்கொடுப்பில் போனது ஒரு துண்டு இறைச்சி. அதை இழந்தவன் பலசாலி.

அதே பவுல் அந்தியோக்கியாவில் வேறு மாதிரி நடந்துகொண்டார். அங்கே யூதரல்லாதவர்களோடு ஒரே பந்தியில் உண்டுவந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் பயந்து ஒதுங்கினார். மற்ற யூதர்களும் ஒதுங்கினார்கள். அவர்களிடம் காரணம் இல்லாமல் இல்லை: முன்னோர் வழக்கம், தீட்டு, உறவினரின் மனம். பவுல் எதையும் ஏற்கவில்லை. எல்லோர் முன்னிலையிலும் பேதுருவை நேருக்கு நேர் கண்டித்தார். கிறிஸ்தவ சுதந்திரத்தைப் பற்றி அவர் எழுதிய கலாத்தியர் நிருபத்திலேயே இந்தச் சம்பவம் இருக்கிறது. இறைச்சியில் விட்டுக்கொடுத்தவர் பந்தியில் விட்டுக்கொடுக்கவில்லை. பேதுருவின் ஒதுக்கத்துக்கு விலை கொடுத்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த புறஜாதியார்.

அப்படிப்பட்ட ஒதுக்கத்தை நம் மண்ணில் கல்லிலேயே கட்டினார்கள். நெல்லைச் சீமையில் வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கத்தோலிக்கக் கோயிலுக்கு இரண்டு கால்கள். பீடம் ஒன்று, மக்கள் நிற்கும் கூடம் இரண்டு. ஒன்றில் வெள்ளாளர், மற்றதில் நாடார்களும் பிறரும். கால்சட்டைக் கோயில் என்றே பேராகிவிட்டது. 1910இல் அந்தப் பிரிவினையை நீக்கியபோது, வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. கல்லில் இருந்த பிரிவு போயிற்று. கல்யாணத்தில் இருக்கும் பிரிவை எந்த நீதிமன்றமும் இடிக்க முடியாது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் கேரளத்தின் மூன்று பிள்ளைகளை நினைக்கிறேன். யெகோவாவின் சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள். பள்ளியில் தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள். தங்கள் நம்பிக்கை காரணமாகப் பாட மட்டும் மறுத்தார்கள். 1985இல் பள்ளியை விட்டு நீக்கப்பட்டார்கள். 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பு அவர்களை மீண்டும் சேர்க்கச் சொன்னது. அவர்களுடைய நம்பிக்கை எனக்கு ஏற்புடையதல்ல. ஆனால் அவர்கள் யாரையும் வாய் மூடச் சொல்லவில்லை, யாரையும் தள்ளி நிற்கச் சொல்லவில்லை. தங்கள் படிப்பைப் பணயம் வைத்தார்கள். அதற்குத்தான் மனச்சாட்சி என்று பெயர்.

ஆகவே நான் வைக்கும் உரைகல் இது: என் மனச்சாட்சிக்கு யார் விலை கொடுக்கிறார்? நான் கொடுத்தால் அது மதிக்கத் தக்கது. தவறாக இருந்தாலும் மதிக்கத் தக்கது. இன்னொருவர் தன் இடத்தால், மானத்தால், வாழ்க்கையால் கொடுக்க வேண்டியிருந்தால், அது பழக்கம். மனச்சாட்சியின் உடையைப் போட்டுக்கொண்ட அதிகாரம்.

அடுத்த முறை 'சமாதானம் இல்லை' என்று சொல்ல வாயெடுக்கும்போது ஒரு நிமிடம் நில்லுங்கள். உங்கள் மறுப்பால் உங்களுக்கு எது குறைகிறது, அந்தப் பையனுக்கும் பெண்ணுக்கும் எது குறைகிறது என்று கணக்குப் பாருங்கள். பார்த்த பிறகும் மறுப்பதென்றால், கடவுளை இழுக்காமல் "சாதிதான் காரணம்" என்று உரக்கச் சொல்லுங்கள். மகள் முன்னால் சொல்லுங்கள். அந்தச் சொல்லை உங்கள் காதும் ஒருமுறை கேட்கட்டும்.