எல்லோருக்கும் கணக்கு வரவேண்டுமா?



ஒரு பிள்ளைக்கு ஓட்டிசம் என்று தெரியவந்ததும், ஆறுதல் சொல்ல வருபவர்கள் பெற்றோரிடம் கூறும் ஒரு வசனம் உண்டு. "ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. இப்பிடியான பிள்ளையள் கணக்கிலையும் கொம்பியூட்டரிலையும் வலு கெட்டிக்காரராம்." சொல்பவர்கள் நல்ல மனதுடன்தான் சொல்கிறார்கள். ஒரு தலைமுறைக்கு முன்னர் இத்தகைய பிள்ளைகளைப் பற்றி எமது ஊர்களில் என்னென்ன பேசினார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், இது எவ்வளவோ மேல். பெற்ற தாயைக் குற்றம் சொன்னார்கள். முற்பிறப்புப் பாவம் என்றார்கள். பிள்ளையை வீட்டுக்குள்ளேயே மறைத்து வைத்தார்கள். அந்தப் பேச்சுக்களை விட "கெட்டிக்காரன்" என்ற பேச்சு காதுக்கு இனிமையானது.

ஆயினும் ஒரு கேள்வி எழுகிறது. கணக்கும் கொம்பியூட்டரும் வராத பிள்ளைக்கு இந்த ஆறுதலில் எங்கே இடம்?

நான் தொழிலால் கணக்காளன், வைத்தியன் அல்லன். ஆனால் ஒருவர் ஒரு தொகையைச் சொன்னால், அது எங்கிருந்து வந்தது என்று கேட்பது எங்கள் தொழிற் பழக்கம். ஆகவே "எல்லோரும் கெட்டிக்காரர்" என்ற இந்தக் கணக்கையும் ஒருமுறை சரிபார்ப்போம்.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் 2020ஆம் ஆண்டுக்குரிய தகவல்களை வைத்து 8 வயதுப் பிள்ளைகளைப் பற்றிய ஓர் ஆய்வை 2023இல் வெளியிட்டது. நுண்ணறிவு மதிப்பீட்டு விபரம் கிடைத்த ஓட்டிசப் பிள்ளைகளில் 100க்கு ஏறக்குறைய 38 பேருக்கு அறிவு வளர்ச்சிக் குறைபாடும் சேர்ந்து இருந்தது. மற்றப் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஏனைய பிள்ளைகளைப் போலவே சிலர் கூடவும் சிலர் குறையவுமாக இருந்தார்கள். அப்படியானால் அபூர்வத் திறமை உள்ளவர்கள் எத்தனை பேர்? பேர்னாட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர், தாமும் ஓர் ஓட்டிசப் பிள்ளையின் தகப்பன், 1978இல் பெற்றோரிடம் கேட்டுத் திரட்டிய விபரத்தில் 10 பேரில் ஒருவர் என்ற அளவே வந்தது. அந்த ஒருவரின் திறமையும் கணக்காகவே இருக்கவேண்டும் என்றில்லை. இசை, சித்திரம், ஞாபகசக்தி, நாட்காட்டித் தேதிகளுக்குக் கிழமை சொல்லுதல் என்று அது பலவகைப்படும். மீதி ஒன்பது பேரைப் பற்றி நாம் பேசுவதேயில்லை.

பிறகு எப்படி இந்த எண்ணம் உலகமெங்கும் பரவியது? பெரும் பங்கு ஒரு திரைப்படத்துக்கு உண்டு. 1988இல் வெளிவந்த "ரெயின் மான்" படத்தில் டஸ்ரின் ஹொஃப்மன் ஓட்டிசம் உள்ள ஒருவராக நடித்தார். கீழே கொட்டிய பற்குச்சிகளை ஒரே பார்வையில் எண்ணுவார். சூதாட்ட விடுதியில் சீட்டுக்களை நினைவில் வைத்துப் பணம் வெல்ல உதவுவார். படம் நான்கு ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது. அது வரை ஓட்டிசம் என்ற சொல்லையே அறியாத கோடிக்கணக்கானோர் அதை இந்தப் பாத்திரத்தின் மூலமே அறிந்தார்கள். அப்பாத்திரத்தை எழுதத் தூண்டுதலாக இருந்தவர் அமெரிக்காவின் கிம் பீக். ஆயிரக்கணக்கான நூல்களை மனதில் வைத்திருந்த அவருக்குத் தமது சட்டைப் பொத்தானைப் போடுவதே சிரமம். தகப்பனார்தான் அவரைப் பராமரித்து வந்தார். அவரது மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புக் கற்றை பிறப்பிலேயே இருக்கவில்லை. அவருக்கு இருந்தது ஓட்டிசம் அல்ல என்றே பின்னர் ஆராய்ந்தவர்கள் கருதினார்கள். ஓட்டிசம் இல்லாத ஒருவரின் அபூர்வத் திறமையை வைத்து, ஓட்டிசம் உள்ள அத்தனை பேரையும் உலகம் அளந்துவிட்டது.

இன்னொருவருடைய கதை என்னை அதிகம் சிந்திக்க வைத்தது. 1943இல் லியோ கனர் என்ற வைத்தியர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில்தான் ஓட்டிசம் தனியான ஒரு நிலையாக முதன்முதல் விபரிக்கப்பட்டது. அதில் முதலாவது பிள்ளை டொனால்ட் ட்ரிப்ளெற். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபொறெஸ்ற் என்ற சிற்றூரைச் சேர்ந்தவர். இலக்கங்களில் உண்மையாகவே ஆர்வமும் திறமையும் உள்ளவர்தான். பாடசாலைக் கட்டடத்தில் எத்தனை செங்கல் என்று மற்றப் பையன்கள் கேட்டபோது உடனே ஒரு தொகையைச் சொன்னாராம். ஊர் முழுவதும் அதை அதிசயமாகப் பேசியது. பல பத்தாண்டுகள் கழித்து அவரைப் பற்றி எழுத வந்த பத்திரிகையாளரிடம் அவர் உண்மையைச் சொன்னார். அந்தத் தொகை எண்ணிச் சொன்னதல்ல. வாயில் வந்ததைச் சொன்னது. அந்தப் பையன்கள் தன்னை மதிக்கவேண்டும் என்பதற்காகவே அப்படிச் சொன்னாராம்.

ஒரு கணம் இதைச் சிந்தித்துப் பாருங்கள். மற்றவர்கள் தன்னோடு பழகவேண்டுமானால் தான் ஓர் அதிசயமாக இருந்தாக வேண்டும் என்பது அந்தச் சிறுவனுக்கு விளங்கியிருக்கிறது. மதிப்புக்கு உலகம் கேட்ட விலை அது. கையில் இல்லாததையும் இருப்பதாகக் காட்டி அவர் அந்த விலையைக் கொடுத்தார். பிற்காலத்தில் அவர் தம் ஊர் வங்கியில் வேலை பார்த்தார், கோல்ஃப் விளையாடினார், பல நாடுகளைச் சுற்றி வந்தார், 2023இல் தமது 89ஆவது வயதில் காலமானார். அவருடைய வாழ்வு நன்றாக அமைந்ததற்கு வசதியான குடும்பமும், அவரை அவராகவே ஏற்றுக்கொண்ட ஊராரும் முக்கிய காரணங்கள். செங்கற் கணக்கு அதற்குக் காரணமல்ல.

இனிமையான பேச்சாயிற்றே, இதனால் என்ன கெடுதி என்று சிலர் கேட்கலாம். கெடுதி பலவிதம்.

முதலாவது, திறமை உள்ள பிள்ளைக்கே கெடுதி. கணக்கில் நல்ல புள்ளி எடுக்கும் பிள்ளைக்கு உதவி எதற்கு என்று பாடசாலையும் நினைக்கிறது, வீட்டாரும் நினைக்கிறார்கள். ஆனால் வகுப்பறைச் சத்தம் தாங்காமல் அந்தப் பிள்ளை தவிப்பதும், ஒரு சிநேகிதர்கூட இல்லாமல் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தனித்து நிற்பதும் புள்ளிப் பத்திரத்தில் தெரிவதில்லை.

இரண்டாவது, வேறு விதமான பிள்ளைகள் கண்ணில் படாமலே போகிறார்கள். ரெம்பிள் கிராண்டின் என்ற அமெரிக்கப் பேராசிரியர் ஓட்டிசம் உள்ளவர்; கால்நடைகளை அச்சமின்றி நடத்திச் செல்லும் அமைப்புக்களை வடிவமைத்துப் புகழ் பெற்றவர். தாம் படங்களாகவே சிந்திப்பதாகவும், அட்சரகணிதம் தமக்கு ஏறவேயில்லை என்றும் அவர் எழுதியிருக்கிறார். கணக்கில் புலியான பையனை மட்டும் மனதில் வைத்துத் தேடினால் கதைப் புத்தகமும் கையுமாக ஒதுங்கி இருக்கும் பெண்பிள்ளையை "வெட்கப்படும் பிள்ளை" என்று சொல்லிக் கடந்துவிடுவோம். பெண்பிள்ளைகள் பலருக்கு வளர்ந்த பின்னரே ஓட்டிசம் என்று தெரியவருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது, வேலை. 2013இல் ஜேர்மனியின் எஸ்.ஏ.பி. நிறுவனம் ஓட்டிசம் உள்ளவர்களைச் சேர்ப்பதற்கென்றே ஒரு திட்டம் தொடங்கியது. அது நல்ல காரியம்தான். ஆனால் அத்தகைய செய்திகளைப் படிப்பவர்கள், ஓட்டிசம் உள்ளவர்களுக்கு வேலைக்குக் குறைவில்லை என்று எண்ணிவிடுகிறார்கள். பிரித்தானியப் புள்ளிவிபர அலுவலகம் 2020ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட கணக்கின்படி, ஓட்டிசம் உள்ள வளர்ந்தவர்களில் 100க்கு ஏறக்குறைய 22 பேரே வேலையில் இருந்தார்கள்.

நான்காவதுதான் என் மனதை அதிகம் உறுத்துவது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் 15 வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். பேசுவது சில சொற்கள்தான். பத்துவரை எண்ணுவதே கஷ்டம். ஓடும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவன் முகத்தில் வரும் சந்தோஷத்தை எவரிடமும் நான் கண்டதில்லை. அதனால் எவருக்கும் ஒரு சதம் இலாபமில்லை. அவனுடைய தாயிடம் வருபவர் போபவர் எல்லாம் கேட்கும் கேள்வி: "இவருக்கு என்ன ஸ்பெஷல் திறமை?" அந்தத் தாய் அபாக்கஸ் வகுப்பு, கீபோர்ட் வகுப்பு, கொம்பியூட்டர் என்று ஒவ்வொன்றாய் முயன்று பார்த்துவிட்டார். பிள்ளைக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இப்போது அவருக்கு இரண்டு துக்கம். ஓட்டிசம் என்பது ஒன்று. ஓட்டிசத்திலும் தன் பிள்ளை கெட்டிக்காரனாக இல்லையே என்பது மற்றது. இந்த இரண்டாவது துக்கத்தை அவருக்குக் கொடுத்தது நோயுமல்ல, விதியுமல்ல. ஆறுதல் சொல்லப் போன நாங்கள்தான் கொடுத்தோம்.

இனி அடிப்படைக் கேள்விக்கு வருவோம். ஒரு மனிதனுக்கு மதிப்பு எதனால் வருகிறது?

அகதிகளாக வந்த எங்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. எமக்காகப் பரிந்து பேசியவர்கள், "தமிழர்கள் உழைப்பாளிகள், படித்தவர்கள், பிள்ளைகள் டொக்டராகவும் எஞ்சினியராகவும் வருவார்கள்" என்று சொன்னார்கள். நன்மைக்காகவே சொன்னார்கள். ஆனால் 1951ஆம் ஆண்டு அகதிகள் சாசனம் அகதி யார் என்று வரையறுக்கும் இடத்தில் பட்டப்படிப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. துன்புறுத்தலுக்கு உள்ளாவோம் என்ற நியாயமான அச்சம் இருக்கிறதா என்பதுதான் அதன் கேள்வி. பல்கலைக்கழகத்தில் படித்த எனக்கு இருந்த உரிமை, பள்ளிப்படி மிதியாத கடற்றொழிலாளிக்கும் அதே அளவு இருந்தது. "பிரயோசனமான அகதி" என்று எங்களைப் புகழும்போது, அந்த மனிதருடைய உரிமை சத்தமின்றிக் குறைந்துபோகிறது. "கெட்டிக்கார ஓட்டிசப் பிள்ளை" என்ற புகழ்ச்சியும் அந்த 15 வயதுப் பையனுக்கு இதையே செய்கிறது.

ஜேர்மன் தத்துவஞானி இமானுவேல் கான்ற் 1785இல் எழுதிய ஒழுக்கவியல் நூலில் ஒரு வேறுபாட்டை விளக்கினார். விலை உள்ள பொருளுக்குப் பதிலாக இன்னொன்றை வைக்கலாம். பதில் வைக்கமுடியாத ஒன்றுக்கு இருப்பது விலையல்ல, மாண்பு. விலை என்பது கணக்காளனுக்கு நன்கு தெரிந்த விஷயம். வாங்கிய விலை, சந்தை விலை, பெறுமானத் தேய்வு என்று எல்லாவற்றுக்கும் எங்களிடம் ஒரு நிரல் இருக்கிறது. ஆனால் எந்தக் குடும்பத்தின் ஐந்தொகையிலும் பிள்ளையைச் சொத்து என்றோ பொறுப்பு என்றோ பதிவதில்லை. மறந்துபோய் விட்டதல்ல, பதியக்கூடிய பொருள் அல்ல என்பதனால்தான். ஒரு திறமையைக் காட்டிப் பிள்ளையின் குறையை ஈடுசெய்ய நாம் முயலும்போது, பற்றுக்கு எதிராக வரவு வைக்கிறோம். அந்தப் பேரேட்டைத் திறந்ததே பிழை.

"அப்படியானால் பெற்றோர் நம்பிக்கையே வைக்கக் கூடாதா?" என்று கேட்பீர்கள். இது நியாயமான கேள்வி. நம்பிக்கை வேண்டும். பிள்ளைக்கு எது பிடிக்கும், எது முடியும் என்று பொறுமையாகத் தேடிப் பார்க்கவும் வேண்டும். கணக்கில் ஆர்வம் இருந்தால் தாராளமாக ஊக்கப்படுத்துவோம். ஆனால் நம்பிக்கை வேறு, நிபந்தனை வேறு. இன்று ஒரு சொல் கூடப் பேசிய பிள்ளை, தானாகச் சப்பாத்துப் போட்ட பிள்ளை, தன் விருப்பத்தைச் சைகையால் காட்டிய பிள்ளை, இவையும் முன்னேற்றந்தான். அவற்றைக் காணாதபடி எங்கள் கண்ணை மறைப்பது அந்த மேதைப் படம்தான்.

நடைமுறையில் சில காரியங்கள் செய்யலாம். இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், விசேட தேவை உள்ளவர்களுக்கு 25 வயதுவரை கல்வி, சுகாதார, பராமரிப்புத் திட்டம் ஒன்றைக் கோரலாம். 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான வலுவிழந்தோர் வாழ்க்கைப்படி பெற்றோரின் வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கப்படுவதல்ல. "பதிஞ்சால் பிள்ளையின்ரை எதிர்காலம் கெட்டுப்போம்" என்று விண்ணப்பிக்காமல் இருப்பவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் தயக்கத்தை விடவேண்டும். ஆலயத்தில் திருவிழா நாட்களில் மேளச் சத்தம் தாங்காத பிள்ளைகளுக்கு அமைதியான ஓர் அறையை ஒதுக்கலாம். அன்னதான வரிசையில் காத்திருக்க முடியாத பிள்ளையை முகம் சுழிக்காமல் முன்னே விடலாம். "என்ன திறமை?" என்று கேட்பதற்குப் பதிலாக "இவருக்கு என்ன விருப்பம்?" என்று கேட்கலாம். தாய்க்குப் பதில் சொல்ல எத்தனையோ இருக்கும்.

அர்ச்சனைத் தட்டை நீட்டும்போது ஐயர் பெயரையும் நட்சத்திரத்தையும்தான் கேட்கிறார். எந்தப் பாடத்தில் எத்தனை புள்ளி என்று எவரிடமும் கேட்பதில்லை. வாசலுக்கு உள்ளே நடக்கும் இந்த வழக்கத்தை வாசலுக்கு வெளியேயும் நாங்கள் கொண்டு செல்லவேண்டும்.