கண்டதெல்லாம் நமதாகுமா?

உயர்ந்த இடத்தை நாடுவது மனித இயல்பு. சமவெளியில் நீருக்குக் குறைவில்லாத போதும், மலைமேல் கிடக்கும் ஓர் ஏரியைக் காண்பதற்காக அவன் மூச்சு வாங்க ஏறிச் செல்கிறான். அங்கே வாங்குவதற்கும் விற்பதற்கும் ஒன்றுமில்லை. கண்டு மகிழ்வதொன்றே பயன். இத்தனை தூய நோக்கத்தோடு செல்பவனிடம் அறம் பேச என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். பேராசையோடு செல்பவனின் பிழை எளிதில் கண்ணுக்குப் புலப்படும். அன்போடு செல்பவனின் பிழையோ அழகென்னும் திரைக்குள் மறைந்து கொள்கிறது. ஆதலால் இதனைச் சற்று ஆழ்ந்து நோக்க விழைகிறோம்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சியரா நெவாடா மலைத்தொடரில் அமைந்துள்ளது யோசெமிட்டி தேசியப் பூங்கா. அதன் பள்ளத்தாக்கைப் பொதுமக்களுக்காகக் காத்துவரும்படி அம்மாநிலத்திடம் ஒப்படைக்கும் சட்டத்தில் 1864ஆம் ஆண்டு ஆபிரகாம் லிங்கன் கையொப்பமிட்டார். 1890இல் சுற்றியுள்ள மலைநாடு தேசியப் பூங்காவாயிற்று. அதன் மேட்டுப் பகுதியில் கதீட்ரல் ஏரிகள் என இரண்டு உண்டு. கீழ் ஏரி கடல் மட்டத்திற்கு ஒன்பதாயிரம் அடிக்கு மேல் உள்ளது. சாலையிலிருந்து ஏறக்குறைய மூன்றரை மைல் நடக்க வேண்டும். ஏற்றம் ஏறக்குறைய ஆயிரம் அடி. அந்தச் சாலையும் பனிக்காலம் முழுவதும் மூடிக் கிடந்து, பனி விலகிய பின்னரே திறக்கும். ஊசியிலை மரங்களின் நிழலில் ஏறி, ஈரப் புல்வெளியைக் கடந்து சென்றால், வெளிறிய கிரானைட் பாறைகளின் மடியில் நீர் அசைவற்றுக் கிடக்கும்.

அங்கே சென்று அமர்பவன் உள்ளத்தில் எழும் முதல் எண்ணம், "நாம் பாடுபட்டு வந்தோம்; இது நமக்குரியது" என்பதாகும். உழைத்தவனுக்கே உரிமை என்னும் நியாயம் இங்கே பொருந்துமா? உழவன் தன் விளைச்சலுக்கு உரியவன்; நெசவாளன் தன் துணிக்கு உரியவன். அவர்கள் உழைப்பு அப்பொருளை உண்டாக்கியது. மலையேறியவன் உழைப்பு ஏரியை உண்டாக்கவில்லை. அந்தக் குழியைப் பல்லாயிரம் ஆண்டுகள் ஊர்ந்து சென்ற பனியாறுகள் குடைந்தன. கால் வலித்து நடந்தவன் ஈட்டியது காட்சியின் இன்பத்தை மட்டுமே. அந்த இன்பம் அவனுடையது என்பதில் ஐயமில்லை. ஏரியோ, அவன் வருமுன் எப்படி இருந்ததோ அப்படியே பிறர்க்கும் உரியதாய் இருக்கிறது.

அந்தப் பிறர் யார்? இவ்விடத்தில்தான் வரலாறு குறுக்கிடுகிறது.

கதீட்ரல் ஏரிகளுக்குச் சில மைல் தொலைவில் தெனாயா என்னும் பெரிய ஏரி உண்டு. 1848இல் கலிபோர்னியாவில் பொன் கண்டுபிடிக்கப்பட்டபின் ஆயிரமாயிரம் பேர் அங்கே குவிந்தார்கள். மலைவாழ் மக்களுக்கும் அவர்களுக்கும் மோதல் மூண்டது. 1851 மார்ச்சில் மரிப்போசா படை யோசெமிட்டிப் பள்ளத்தாக்கினுள் புகுந்தது. அங்கு வாழ்ந்த அவானீச்சி மக்களின் தலைவர் தெனாயா. அவ்வாண்டு மே மாதத்தில் அவருடைய மகன் ஒருவன் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டான். பின்னர், உயரத்திலிருந்த ஓர் ஏரிக்கரையில் எஞ்சிய மக்களும் பிடிபட்டார்கள்.

அந்தப் படையில் இருந்த பனெல் என்பவர் 1880இல் வெளியிட்ட நூலில் ஒரு செய்தியைப் பதிந்துள்ளார். அவர் தெனாயாவிடம் சென்று, இந்த ஏரிக்கு உமது பெயரையே சூட்டியிருக்கிறோம் என்று அறிவித்தார். முதியவர் மகிழவில்லை. இதற்கு ஏற்கெனவே பெயர் உண்டே என்றார். 'பைவியாக்' என்பது அப்பெயர். ஒளிரும் பாறைகள் என்று அதற்குப் பொருள் கூறுவர். பனியாறு தேய்த்து மெருகேற்றிய பாறைகள் அந்த ஏரியைச் சுற்றி இன்றும் வெயிலில் மின்னுகின்றன. பெயரிட்டவர்கள் எவ்வளவு கூர்ந்து நோக்கியிருக்க வேண்டும்! அவ்வறிவு நிறைந்த பெயரை நீக்கிவிட்டு, மண்ணையும் மகனையும் இழந்த மனிதருக்கு அவர் பெயரையே பரிசாகக் கொடுத்தார்கள். 1853இல் அவர் மறைந்தார்.

பனெலைக் கொடியவர் என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிடலாகாது. அந்தப் பள்ளத்தாக்கின் அழகில் நெஞ்சைப் பறிகொடுத்தவர் அவர். அழகை உணரத் தெரிந்தவருக்கு அருகில் நின்ற தந்தையின் துயர் முழுமையாக எட்டவில்லை. ஆகவே, அழகுணர்ச்சி தானாகவே நல்லொழுக்கம் ஆகிவிடாது என்பது தெளிவாகிறது. மலையைக் கண்டு உருகுபவன் மனிதனைக் கண்டும் உருகுவான் என்று உறுதி கூற முடியாது.

"அது பழங்கதை. இன்று கோடை விடுமுறையில் பிள்ளைகளோடு நடப்பவன் யாரைக் கொன்றான்?" என்று சிலர் வினவலாம். நியாயமான வினாவே. குற்றம் வேறு, கடன் வேறு. குற்றம் செய்தவனோடு முடியும். கடனோ சொத்தைத் தொடர்ந்து வரும். இறந்தவர் விட்டுச் சென்றதைப் பங்கிடுமுன் அவருடைய கடனை அடைத்தாக வேண்டும் என்பதை நம் இல்லங்களில் அறியாதார் இல்லை. தந்தை வாங்கிய கடனுக்காக மகனைக் குற்றவாளி என்று எவரும் சொல்வதில்லை. ஆயினும் கடனை ஒதுக்கிவிட்டுச் சொத்தை மட்டும் அவன் எடுத்துக்கொள்ள இயலாது. பூங்காவின் அழகும் அத்தகைய சொத்தே. பள்ளத்தாக்கில் எஞ்சியிருந்த பழங்குடிச் சிற்றூர் 1969இல் அகற்றப்பட்டது. அம்மக்களின் வழித்தோன்றல்கள் பல்லாண்டுகள் விடாது கேட்டதன் பயனாக, அவ்விடத்தில் மீண்டும் தம் ஊரை அமைத்துச் சடங்குகள் நடத்த 2018இல் உடன்பாடு ஏற்பட்டது. கடன் முழுதும் தீர்ந்தது என்று கூற மாட்டோம். கடன் உண்டு என்பதை ஒப்புக்கொண்டதே முதற்படி.

மனிதர்க்கு மட்டுமன்று, வாய்பேசா உயிர்கட்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம். சியரா நெவாடாவின் உயர்ந்த ஏரிகள் பலவற்றில் ஆதியில் மீனே கிடையாது. தூண்டில் போடும் இன்பத்திற்காக மனிதர்கள் டிரௌட் மீன்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அந்த மீன்கள் தவளைக் குஞ்சுகளைத் தின்றன. பின்னர் பூஞ்சை நோயொன்றும் பரவிற்று. ஒரு காலத்தில் கரையெங்கும் நிறைந்திருந்த மஞ்சட்கால் தவளை 2014இல் அழியும் நிலையிலுள்ள உயிரினமாக அறிவிக்கப்பட்டது. ஏரி மட்டும் முன்போலவே நீலமாய் மின்னியது. பார்ப்பவன் கண்ணுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. யோசெமிட்டியில் மீன் விடுவது 1991இல் நின்றது. சில ஏரிகளில் மீன்களை அகற்றித் தவளைகளைத் திரும்பக் கொணர்ந்து விட்டார்கள். அவை பெருகியும் வருகின்றன. மனிதன் கெடுத்ததை மனிதனே ஓரளவு திருத்த முடியும் என்பதற்கு இது சான்று. ஆயினும், அதற்காக ஒரு குற்றமும் அறியாத மீன்கள் மடிய நேர்ந்தது. திருத்துவதற்கும் ஒரு விலை உண்டு.

இனி, தடை விதிப்பது நீதியாகுமா என்று பார்ப்போம். 2016இல் மட்டும் ஐம்பது இலட்சத்திற்கு மேற்பட்டோர் அப்பூங்காவிற்கு வந்தனர். மேட்டுக் காடுகளில் இரவு தங்க விரும்புவோர் அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும். ஒவ்வொரு தடத்திலும் நாளொன்றுக்கு இத்தனை பேர் என்று வரம்பு உண்டு. தொலைவிலிருந்து வந்தவன் சீட்டின்றித் திரும்பும்போது மனம் வருந்துவான். அவன் வருத்தம் பொய்யன்று. ஆனால் அவன் இழப்பது ஒரு பயணம். அந்த உயரத்தில் புல் வளர்வதற்கு ஆண்டில் சில வாரங்களே உண்டு. ஈரத்தில் பதிந்த காலடிகள் பள்ளமாகிவிட்டால் புல்வெளி மீளப் பல ஆண்டுகள் ஆகும். இன்று வந்தவன் மனக்குறையைச் சொல்லிவிட முடியும். இன்னும் பிறவாத பிள்ளை வாய் திறந்து வழக்குரைக்க முடியாது. பேச முடியாதவன் பங்கையும் எடுத்துவைப்பவனே நேர்மையான பங்காளி. வரம்பைப் பணத்திற்கேற்ப விற்காமல், யாவர்க்கும் ஒப்பக் கொடுக்கும்வரை அது நீதியே என்பது நம் துணிபு.

வேறொரு கேள்வி எஞ்சுகிறது. முதுமையால் நடக்க இயலாதவர், வறுமையால் புறப்படவே முடியாதவர், கடல்கடந்து வாழும் நாம், இவர்களுக்கு அந்த ஏரியில் பங்கே இல்லையா? உண்டு என்போம். காணாத ஒன்று நலமாயிருக்க வேண்டுமென விரும்புவதற்குக் கால்கள் தேவையில்லை. கண்டு அனுபவிக்கும் அன்பில் தன்னலம் சிறிதேனும் கலந்திருக்கும். காணும் வாய்ப்பே இல்லாதவன் கொள்ளும் அன்பில் அது கலக்க இடமில்லை.

ஆகவே, அன்பர்களே, மலைக்குச் செல்ல வாய்த்தவர்கள் செல்லுங்கள். பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். ஆனால் ஏரிக்கரையை அடைந்ததும், "என்ன அழகு!" என்று வியப்பதோடு நின்றுவிடாதீர்கள். இதற்கு முன்னர் இருந்த பெயர் என்ன, அப்பெயரால் இதனை அழைத்தவர்கள் எங்கே என்றும் கேட்கப் பழக்குங்கள். கண்டதெல்லாம் நமதாகாது. கண்டவை யாவும் நம்மிடம் சிறிது நேரம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அமானிதத்தைப் பெற்றபடியே திருப்பித் தருவதுதான் நாணயம்.