வேலிக்கு அப்பால் இருக்கும் அயலான்



காணிக்கையோடு பீடத்தண்டை வந்து நிற்கிறவன், தன்மேல் மனத்தாங்கல் கொண்ட சகோதரன் ஒருவன் இருப்பதை அங்கே நினைவுகூர்ந்தால், காணிக்கையை அப்படியே வைத்துவிட்டு முதலில் அவனைத் தேடிப் போகவேண்டும் என்று நம் ஆண்டவர் கற்பித்திருக்கிறார். இந்தச் சுவிசேஷத்தை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுமிருக்கிறோம். ஒரு தேசம் முழுவதும் இந்தப் போதனைக்கு முன்பாக நிற்க நேர்ந்தால் என்ன ஆகும்? அப்படி நின்ற ஒரு தேசத்தைப் பற்றியே இவ்வாரம் உங்களோடு பேச விரும்புகிறோம்.

அந்தத் தேசம் ஜார்ஜியா. அமெரிக்காவிலுள்ள மாகாணத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். வடக்கே கௌகாசு மலையும் மேற்கே கருங்கடலும் எல்லையாக உள்ள சிறு நாடு இது. நாலாம் நூற்றாண்டிலேயே சத்திய வேதத்தைத் தழுவிய பழைய கிறிஸ்தவ நாடு. அர்ச். நீனோ என்னும் கன்னிகை, திராட்சைக் கொடியைத் தன் தலைமயிரால் கட்டிச் சிலுவை செய்து அங்கே வேதம் போதித்தாள் என்பது அந்நாட்டாரின் பாரம்பரியம். சனங்களில் மிகப் பெரும்பாலோர் நம்மோடு முழு ஐக்கியத்தில் இல்லாத கீழைச் சபையைச் சேர்ந்தவர்கள். கத்தோலிக்கர் மிகச் சிறு மந்தை. தேவாலயங்களைப் பூட்டிய ஸ்டாலின் பிறந்ததும் இந்த நாட்டில்தான், கோரி என்னும் ஊரில். 1991-ம் ஆண்டு வரையில் இது சோவியத் ஆட்சிக்குள் இருந்தது.

தலைநகராகிய திபிலிசியில் ருஸ்தாவெலி வீதி என்றொரு அகன்ற வீதி உண்டு. அதன் ஒரு பக்கத்தில் பாராளுமன்றக் கட்டடம், எதிர்ப்பக்கத்தில் அர்ச். ஜார்ஜியார் பேரால் கஷ்வேத்தி தேவாலயம். 1989-ம் ஆண்டு ஏப்ரல் 9-ந் தேதி விடியுமுன் ஆயிரக்கணக்கான சனங்கள் சுதந்தரம் கேட்டு அந்த வீதியில் கூடியிருந்தார்கள். சேனை வரப்போகிறதென்று அறிந்த பிதாப்பிதா இரண்டாம் இலியா அங்கே வந்து, ஆபத்து நெருங்கிவிட்டது, எதிரேயுள்ள கோவிலுக்குள் போய்விடுங்கள் என்று கெஞ்சினார். சனங்கள் போகவில்லை. எல்லாரும் சேர்ந்து பரலோக மந்திரம் செபித்தார்கள். சிறிது நேரத்தில் சேனை மண்வெட்டிகளோடும் விஷப்புகையோடும் அவர்கள்மேல் விழுந்தது. மாண்டவர்கள் சுமார் இருபது பேர். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

ஆயுதமில்லாமல் செபித்துக்கொண்டே மடிந்தவர்களின் தேசம் இது என்பதை மறவாதேயுங்கள். இனிச் சொல்லப்போவது அதனால்தான் அதிக வேதனை தருகிறது.

விருந்தாளியைக் கடவுளே அனுப்புகிறார் என்பது ஜார்ஜியர் வழங்கும் பழமொழி. அவர்கள் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தவர்கள் அதை மெய்யென்று சொல்லுவார்கள். ஆனால் விடுதலை வேட்கை முற்றியிருந்த அந்நாட்களில், மேடையேறிய சில தலைவர்கள் இந்த நல்ல வார்த்தையையே திருப்பிப் பிடித்தார்கள். நாட்டின் வடக்கே தெற்கு ஓசேத்தியாவில் வாழும் ஓசேத்தியரைப் பார்த்து, நீங்கள் எங்கள் மண்ணில் விருந்தாளிகள், பிடிக்காவிட்டால் வந்த வழியே போகலாம் என்றார்கள். அந்தப் பகுதியில் மூன்றில் இரண்டு பங்கு சனங்கள் ஓசேத்தியர். இரு சாதியாரும் பல தலைமுறையாய்ப் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். ஜார்ஜியர் தங்கள் பாதுகாவலராக வணங்கும் அர்ச். ஜார்ஜியாரை ஓசேத்தியரும் உவாஸ்திர்ஜி என்று தங்கள் பாஷையில் அழைத்து, ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில் திருநாள் கொண்டாடுகிறார்கள். விருந்தாளி என்ற சொல் இவர்களை எங்கே குத்தியிருக்கும்! யுத்தங்கள் பீரங்கியில் தொடங்குகின்றன என்று நாம் எண்ணுகிறோம். நம் அபிப்பிராயத்தில் இந்த யுத்தம் ஒரு சொல்லில் தொடங்கியது.

ஓசேத்தியர் தனி அதிகாரம் கோரினார்கள். ஜார்ஜியப் பாராளுமன்றம் 1990 டிசம்பரில் அவர்களுக்கிருந்த சுயாட்சியையும் ரத்துசெய்தது. அடுத்த மாதமே துப்பாக்கிச் சத்தம் கேட்டது. 1992 ஜூன் வரையில் ஓயவில்லை.

அந்நியனை விரட்டினால் வீடு சுத்தமாகிவிடும் என்று நினைத்தவர்களுக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். 1991-ம் ஆண்டு மே மாதம் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்ட வாக்குப் பெற்று சனாதிபதியானவர் கம்சாகூர்தியா. அதே ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி, அவர் காலத்தில் ஏற்பட்ட தேசியக் காவல்படையில் ஒரு பகுதியே அவருக்கு விரோதமாய்ப் பீரங்கி திருப்பியது. எந்த வீதியில்? அதே ருஸ்தாவெலி வீதியில்! மூன்றாண்டுக்கு முன் ஒரே குரலாய்ப் பரலோக மந்திரம் செபித்த இடத்தில் ஜார்ஜியரை ஜார்ஜியரே சுட்டார்கள். சனாதிபதி பாராளுமன்றத்தின் நிலவறையில் பதுங்கியிருந்து, சனவரி 6-ந் தேதி தப்பியோடினார். ஓசேத்தியருமில்லை, ரஷியருமில்லை, வீட்டுக்குள்ளேயே விரோதி முளைத்துவிட்டான்.

பிறகு அப்காசியா. கருங்கடல் ஓரத்தில் தோட்டமும் துரவுமாய் இருந்த செழிப்பான பிரதேசம். 1989-ம் ஆண்டுக் குடிக்கணக்குப்படி அங்கே அப்காசியர் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஜார்ஜியர் ஏறக்குறையப் பாதி. 1992 ஆகஸ்டு 14-ந் தேதி ஜார்ஜியப் படை அங்கே நுழைந்து தலைநகராகிய சுகுமியைப் பிடித்தது. கொள்ளை நடந்தது. நகரம் அவர்கள் கையிலிருந்த அந்த அக்டோபரில் அப்காசியரின் பழஞ்சுவடிகளும் பத்திரங்களும் இருந்த சாலை எரிந்து சாம்பலாயிற்று. ஒரு சிறு சாதியின் ஞாபகசக்தியே எரிந்ததென்று சொல்லலாம். மறு ஆண்டு செப்டம்பர் 27-ந் தேதி அப்காசியர், வடக்கேயிருந்து வந்த துணையோடு, சுகுமியைத் திரும்பப் பிடித்தார்கள். இப்போது பழிவாங்கும் முறை அவர்களுடையது. இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட ஜார்ஜியர் வீடு வாசலை விட்டு ஓடினார்கள். அநேகர் ஸ்வானேத்தி மலைக் கணவாய் வழியாய்க் குழந்தைகளைச் சுமந்து நடந்தார்கள். அந்தக் கணவாயிலே குளிரில் விறைத்துச் செத்தவர்களும் உண்டு.

திபிலிசியின் நடுவில் இவேரியா என்றொரு உயர்ந்த ஓட்டல். உல்லாசப் பிரயாணிகளுக்காக 1967-ல் திறக்கப்பட்டது. அகதிகளாய் வந்த நூற்றுக்கணக்கானோர் அதன் அறைகளில் குடியேறினார்கள். ஓர் அறையில் ஒரு குடும்பம். காற்று வாங்குவதற்காகக் கட்டிய மாடங்களைப் பலகையும் தகரமும் வைத்து அடைத்துச் சமையலறையாக்கிக்கொண்டார்கள். சில வாரத்தில் ஊர் திரும்புவோம் என்று வந்தவர்கள் பத்து வருஷத்துக்கு மேல் அங்கேயே பிள்ளை பெற்று, வளர்த்து, முதியோரை அடக்கம் செய்தார்கள். 2004-ல் அறைக்கு 7,000 டாலர் கொடுத்து அவர்களை வெளியேற்றினார்கள். ஓட்டல் மறுபடியும் ஓட்டலாயிற்று; அவர்களுடைய ஊர் மட்டும் அவர்களுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

இடையில் ஒரு நல்ல நாளும் வந்தது. 2003-ம் ஆண்டு, தேர்தலில் மோசடி நடந்ததென்று சனங்கள் கொதித்தெழுந்து, கையில் ரோஜாப் பூக்களோடு பாராளுமன்றத்துக்குள் புகுந்தார்கள். மறுநாள் நவம்பர் 23, அர்ச். ஜார்ஜியார் திருநாள். சனாதிபதி ஷெவர்த்நாட்சே ஒரு துளி இரத்தம் சிந்தாமல் பதவி துறந்தார். அந்த மனுஷனிடத்தில் குறைகள் பல உண்டு. ஆயினும் சுடச் சொல்லாமல் வீட்டுக்குப் போனாரே, அதற்காக அவரை வாழ்த்தலாம்.

ஆனாலும் பழைய புண் ஆறவில்லை. 2008 ஆகஸ்டு 7-ந் தேதி இரவு ஜார்ஜியப் படை ஓசேத்தியரின் ஸ்கின்வாலி நகரத்தின்மேல் குண்டு பொழிந்தது. ரஷிய சேனை பெருவெள்ளம்போல் இறங்கி கோரி வரையில் வந்தது. யுத்தம் ஐந்து நாள். மாண்டவர்கள் சுமார் 850 பேர். ஓசேத்தியாவிலிருந்த ஜார்ஜியக் கிராமங்கள் கொளுத்தப்பட்டன. ஐரோப்பிய ஐக்கியத்தார் நியமித்த விசாரணைக் குழு மறு ஆண்டில் அறிக்கை வெளியிட்டு, முதலில் பெருந்தாக்குதல் தொடுத்தது ஜார்ஜியா, அது நியாயமல்ல என்றும், பல வருஷமாய்த் தூண்டிவிட்டதும் பின்பு அளவு மீறிப் பாய்ந்ததும் ரஷியா என்றும் இரு பக்கத்தாரையும் கண்டித்தது. ரஷியாவின் பிதாப்பிதா அலெக்சியும் ஜார்ஜியப் பிதாப்பிதா இலியாவும் யுத்தத்தை நிறுத்துமாறு மன்றாடினார்கள். இலியா கோரி நகரத்துக்கு ரொட்டி கொண்டுபோய், கேட்பாரற்றுக் கிடந்த பிரேதங்களை அடக்கத்துக்கு மீட்டுவந்தார்.

அதன்பின் வந்ததுதான் முள்வேலி. ரஷிய வீரர்கள் ஓசேத்திய எல்லை என்று சொல்லி வயல்களின் ஊடே கம்பி இழுத்தார்கள். ஒரு கிராமத்தில் முதியவர் ஒருவரின் வீடு வேலிக்கு அந்தப் பக்கம் அகப்பட்டுக்கொண்டது. வீட்டை விட்டு வர அவருக்கு மனமில்லை. இந்தப் பக்கத்தார் ரொட்டியும் மருந்தும் கம்பிக்கு மேலாகக் கொடுத்தார்கள். சில ஊர்களில் கல்லறைத் தோட்டமே அப்பால் போய்விட்டது. ஜார்ஜியர் பாஸ்குத் திருநாளில் சிவப்பு முட்டையும் திராட்சை இரசமும் எடுத்துக்கொண்டு இறந்தோர் கல்லறைக்குப் போகிறவர்கள். நவம்பர் 2-ந் தேதி மெழுகுதிரியோடு போகிற நமக்கு, கம்பிக்கு இப்பால் நின்று தாயின் கல்லறையைத் தூரத்தில் பார்ப்பது எப்படியிருக்கும் என்று விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

இப்போது உங்களில் ஒருவர் கேட்கலாம்: “சுவாமி, வீட்டைப் பறிகொடுத்தவன் மன்னிக்கவேண்டும் என்கிறீர்கள். அப்படியானால் பறித்தவன் அதை வைத்துக்கொள்ளலாமா?” நியாயமான கேள்வி. கூடாது. களவாடினவன் பாவசங்கீர்த்தனம் செய்தால் மட்டும் போதாது, பொருளைத் திரும்பக் கொடுக்கவும் கடமைப்பட்டவன் என்று ஞானோபதேச வகுப்பில் சிறு பிள்ளையும் படிக்கிறது. ஊரைப் பறித்தாலும் அதே சட்டம்தான். ஓர் அகதி பகையை விட்டுவிட்டான் என்பதற்காக அவனுடைய வீட்டுரிமை அழிந்துபோகாது. சமாதானமாய்ப் போங்கள் என்று அவனுக்கு மட்டும் புத்தி சொல்லிவிட்டு, வீட்டைப் பற்றி வாய் திறவாதவர்கள் அவனுக்குச் சுவிசேஷத்தைக் குறைத்துக் கொடுக்கிறார்கள்.

அதே சமயம், தன் நியாயத்தை நிலைநாட்ட எதுவும் செய்யலாம் என்பவனுக்கும் நம் வேதத்தில் இடமில்லை. சுகுமியில் வீடிழந்த ஜார்ஜியனின் துயரம் உண்மை. ஸ்கின்வாலியில் ஆகஸ்டு இரவில் நிலவறையில் பிள்ளைகளை அணைத்துக்கொண்டிருந்த ஓசேத்தியத் தாயின் துயரமும் உண்மை. முந்தினவன் பிந்தினவளைப் பார்க்கவேண்டும். அதுவே பிறர்சிநேகம், அதுவே கடினம். பரலோக மந்திரத்தில் நாம் பிறரை எந்த அளவுக்கு மன்னிக்கிறோமோ அந்த அளவுக்கே மன்னிப்புக் கேட்கிறோம் அல்லவா? 1989-ல் அந்த வீதியில் அதைச் செபித்தவர்கள் சேனையை நினைத்துச் செபித்தார்கள்; ஓசேத்திய, அப்காசிய அயலாரை நினைத்துச் செபிக்க நேரம் வரும் என்று அன்று யார் கண்டார்கள்!

நம் நாட்டோடும் அந்நாட்டுக்கு ஒரு சிறு உறவு உண்டு. 1999 நவம்பரில் பாப்பானவர் அர்ச். 2-ம் ஜான் பால் டில்லியில் பூசை செய்து, இங்கிருந்து நேரே திபிலிசிக்குப் பிரயாணமானார். நவம்பர் 9-ந் தேதி, பெர்லின் சுவர் இடிந்த பத்தாம் ஆண்டு நிறைவில், அங்கே விளையாட்டு மண்டபமொன்றில் பூசை நிறைவேற்றினார். பிரான்சிஸ் பாப்பானவர் 2016 அக்டோபர் 1-ந் தேதி, குழந்தை சேசுவின் அர்ச். தெரேசம்மாள் திருநாளில், அங்கே பூசை செய்தபோது விளையாட்டரங்கத்தில் பெரும்பாலான இருக்கைகள் காலியாய்க் கிடந்தன. வருவார்கள் என்று எதிர்பார்த்த கீழைச் சபைப் பிரதிநிதிகள் வரவில்லை. பாப்பானவர் மனங்கசக்கவில்லை, அன்றே மிஸ்கேத்தா நகரத்துப் பேராலயத்துக்குப் போய்ப் பிதாப்பிதாவைச் சந்தித்தார்.

2024-ம் ஆண்டின் இறுதியிலும் ருஸ்தாவெலி வீதி இரவுதோறும் சனங்களால் நிரம்பியது. ஐரோப்பாவோடு சேர்வதை அரசாங்கம் தள்ளிப்போட்டதால் வந்த கிளர்ச்சி அது. அந்த வீதிக்கு இன்னும் ஓய்வில்லை.

நம் பங்கில் பீரங்கி இல்லை. ஆனால் முற்றத்தின் குறுக்கே சுவர் எழுப்பிய அண்ணன் தம்பிகள் உண்டு. ஒரே பூசைக்கு வந்து, ஒருவர் கண்ணில் ஒருவர் படாதபடி வெவ்வேறு வாசலால் வெளியேறுகிறவர்கள் உண்டு. யாரென்று பெயர் சொல்லமாட்டோம், அவர்களுக்கே தெரியும். வருகிற ஞாயிறு காணிக்கைத் தட்டு வருமுன் ஒரு வீட்டுக் கதவைத் தட்ட இன்னும் ஆறு நாள் இருக்கிறது.

இவ்வாரம் குடும்பச் செபமாலையில் ஒரு பத்து மணியை இவேரியாவில் குடியிருந்த அகதிகளையும் ஸ்கின்வாலி தாய்மார்களையும் சுகுமி அப்காசியரையும் நினைத்து ஒப்புக்கொடுங்கள். சொல்லும்போது ஒரு பக்கத்தாருக்காக மட்டும் மனம் இழுத்தால், கவலையில்லை. மற்றப் பக்கத்தாருக்காக இன்னொரு பத்து மணி கூட்டிச் சொல்லுங்கள்.